இடது காதில் பதினோரு மெட்டுகள்

தொம்மலூரில் மேம்பாலத்திலிருந்து உள்ளே இறங்கும் சந்தில் இருக்கும் இசைக்கருவிக் கடையில் மகா ஒன்பது ஆண்டுகளாக வேலை செய்கிறாள். வயது முப்பத்தேழு. கிட்டார்களைத் துடைப்பது, தந்தி மாற்றுவது, சுருதி சேர்ப்பது, வருகிறவர்களுக்கு எடுத்துக் காட்டுவது எல்லாம் அவள் வேலை. வருகிறவர்களில் பாதிப்பேர் மகளுக்கு யூக்குலேலே என்னும் குட்டிக் கிட்டாரைக் கேட்பார்கள். அதற்கு நிறத்தைத்தான் முதலில் காட்ட வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும்.

பகல் ஒன்றிலிருந்து நான்கு வரை கடையில் ஆள் இருக்காது. அந்த நேரத்தில் போனில் பாட்டுக் கேட்டுக்கொள்ள முதலாளி விட்டிருந்தார், ஒரே நிபந்தனையோடு. "ஒரு காது ஃபோனுக்கு, இன்னொரு காது கடைக்கு." கதவு வலப்புறம் இருந்ததால் வலது காது கடைக்குப் போயிற்று. சும்மா தொங்கிக்கொண்டு கிட்டார் தந்திகளில் மாட்டிய வலப்பக்க இயர்ஃபோனை ஒருநாள் அவளே கத்தரித்து எறிந்தாள். அதன் பிறகு வாங்கிய இரண்டையும் அப்படியே செய்தாள்.

அவள் அப்பா ராணுவப் பணிமனையில் துப்புரவுப் பணியாளர். அவர் போய்ப் பத்து வருடம் ஆகிறது, அம்மா போய் நான்கு. இருபத்துநான்கு வயதில் கல்யாணமாகி, இருபத்தாறில் ஒரு பெட்டியோடு ஈஜிபுராவுக்கே திரும்பியவள். அம்மா இருந்தவரை வீட்டில் பேச்சு இருந்தது. அதற்குப் பிறகு மூன்றாம் மாடி ஒற்றை அறை. கீழே இருக்கும் முத்தம்மா தண்ணீர் மோட்டார் போடும் முறைக்கு மட்டும் குரல் கொடுப்பாள். ஓசூரில் இருக்கும் தம்பி பண்டிகைக்குப் பண்டிகை போன் செய்வான்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு பகலில் கடைக்கு வந்த ஒருவர், மேல்வரிசையில் விற்காமல் கிடந்த பருத்த வயிற்று எலக்ட்ரிக் கிட்டாரைக் கேட்டு வாங்கி ஒரு நிமிடம் வாசித்தார். வேகமாக, வளைந்து வளைந்து ஓடும் மெட்டு. யாரோ ஒருவர் அவசரமாக ஒரு விஷயத்தைச் சொல்லி, நடுவில் நிறுத்தி, தன்னையே திருத்திக்கொண்டு மேலே பேசுவதுபோல் இருந்தது. இது என்ன சார் என்று கேட்டாள். ஜாஸில் ஒரு வகை, பீபாப் என்று சொல்லி, கிட்டாரைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்.

பின்னறையில் ஆம்ப் என்னும் ஒலிபெருக்கிப் பெட்டிகளைப் பழுது பார்க்கும் சந்திரன் எட்டிப் பார்த்தார். "இதுக்கு வேற பேரே கெடைக்கலியாமா அவனுங்களுக்கு?"

அன்று அவள் போனில் தேடி அந்த வகைப் பாட்டுகளைக் கேட்டாள். பழைய பதிவுகள். சாக்ஸஃபோன்தான் மெட்டை வாசித்தது. அவற்றைப் பாதி வேகத்தில் ஓடவிட்டு, நான்கு நான்கு ஸ்வரமாகப் பிடித்து, அந்தப் பருத்த கிட்டாரில் தேடி எடுக்கத் தொடங்கினாள். ஒரு வரி வர இரண்டு வாரம் ஆகும். கடையில் கேட்டதை விரலிலும் வாயிலும் ஏற்றிக்கொண்டு, முதலாளியிடம் சொல்லிவிட்டுக் கிட்டாரையும் எடுத்துப் போய், வீட்டில் ஆம்ப் இல்லாமல் வாசிப்பாள். அந்த ஓசை சுவரைத் தாண்டாது. வாசிப்பவளுக்கே குனிந்தால்தான் கேட்கும்.

அடுத்த தீபாவளிக்கு முதலாளி போனஸோடு அந்தக் கிட்டாரையும் அவளிடமே கொடுத்துவிட்டார். "எப்படியும் உன்னைத் தவிர யாரும் தொடறதில்ல."

மூன்று ஆண்டில் பதினோரு மெட்டுகள். முழு வேகத்தில், ஒரு ஸ்வரம் தவறாமல் வாசிக்க வந்தது. சந்திரனைத் தவிர யாரும் கேட்டதில்லை. அவர் சொன்னதும் ஒன்றுதான். "கை நல்லா ஓடுதும்மா. பரண் மேல எலி ஓடற மாதிரி. எங்க போவுது எலின்னுதான் தெரியல."

போன சித்திரையில் ஒரு பெண் வந்து கடைக் கண்ணாடியில் ஒரு தாள் ஒட்ட அனுமதி கேட்டாள். பக்கத்துத் தெரு காப்பிக்கடையின் மாடியில் ஞாயிறு மாலை நான்கு மணிக்கு ஜாஸ் வாசிப்பார்கள், வாசிக்கத் தெரிந்த யாரும் வரலாம் என்று போட்டிருந்தது. மகா அந்தத் தாளை ஒரு வாரம் உள்ளிருந்து, எழுத்துகள் இடவலம் மாறித் தெரியப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு மேடை வேண்டியிருக்கவில்லை. தான் வாசிப்பது இன்னொருவர் வாசிப்பதோடு சேருமா என்று ஒரே ஒரு முறை தெரிய வேண்டியிருந்தது. சேராவிட்டால் இந்த மூன்று வருடமும் அவள் தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்ததாக ஆகும்.

மூன்று ஞாயிறு வெறுங்கையோடு போய்க் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தாள். நான்காவது ஞாயிறு கிட்டாரைத் தூக்கிக்கொண்டு போனாள்.

அன்று டிரம்ஸில் இருந்தவள் சஹானா, தாள் ஒட்டிய அதே பெண். பெரிய பாஸ் வாத்தியத்தைக் கட்டிப் பிடித்தாற்போல் நின்றவன் ரகுராம். இருவருக்கும் இருபத்தைந்துக்கு மேல் இருக்காது. மகா மெட்டின் பெயரைச் சொன்னதும் ரகுராம் புருவத்தை உயர்த்தினான்.

"ஓப்பனிங்கே அதுவா? பயங்கரம்."

"மெட்டு மட்டும்தான் வாசிப்பேன். நடுவுல சொந்தமா வாசிக்கறதெல்லாம் வராது."

"பரவால்ல, நடுவுல நாங்க ஓட்டிக்கறோம். கடைசில மறுபடி மெட்டுக்கு வந்துடுங்க."

சஹானா குச்சிகளைத் தட்டி நான்கு எண்ணினாள். மகா தொடங்கினாள். முதல் வரி சுத்தமாக வந்தது. ஆனால் மூன்றாவது வரியில் பாஸ் தடுமாறி அவளைப் பிடிக்க ஓடியது. டிரம்ஸ் இருந்த இடத்திலேயே இருந்தது. எட்டாவது வரியில் மூன்று பேரும் மூன்று இடத்தில் நின்றார்கள்.

"சாரி, என் தப்பு," என்றான் ரகுராம். "இன்னொரு வாட்டி."

இன்னொரு முறையும் அதே இடத்தில் உடைந்தது. மூன்றாவது முறை அதற்கும் முன்பே. முன்வரிசையில் ஒருவர் போனை எடுத்துப் பார்க்கத் தொடங்கினார்.

"நோட்டெல்லாம் கரெக்டா இருக்குங்க," என்றான் ரகுராம் மெதுவாக. "எங்கயோ தள்ளிப் போவுது. தாளத்துல ஒன்னு எங்க வெச்சுக்கறீங்க?"

"எந்த ஒன்னு?"

அவன் சஹானாவைப் பார்த்தான். "நான் ஒன்னு அடிக்கறப்போ நீங்க அங்க இல்லவே இல்ல அக்கா," என்றாள் அவள்.

"அப்போ எங்க இருக்கேன்?"

"அது தெரிஞ்சா நானும் அங்க வந்துருப்பேனே."

அவள் கிண்டலாகச் சொல்லவில்லை. மகாவுக்கும் அது புரிந்தது. இருந்தாலும் கிட்டாரை உறையில் போட்டாள். ஜிப்பை இழுக்கும்போது பின்னால் அடுத்த பாட்டைத் தொடங்கிவிட்டார்கள். அது எளிதாகச் சேர்ந்துகொண்டது. படியிறங்கும்வரை கேட்டது.

ஈஜிபுராவுக்கு நடந்தே போனாள். ஸ்வரம் தப்பியிருந்தால் திருத்தலாம். ஸ்வரம் எல்லாம் சரி, ஆள்தான் அங்கே இல்லை என்றால் எதைத் திருத்துவது? அவளுக்கு யாரோடும் சேர்ந்து பழக்கம் இல்லை, அது கையில் தெரிகிறது என்று நினைத்தாள். அன்று சமைக்கவில்லை.

மறுநாள் பகலில் கடை வழக்கம்போல் காலியாக இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் சந்திரன், வந்து இறங்கியிருந்த பெரிய ஹெட்ஃபோன் ஒன்றைச் சோதித்துப் பார்க்கச் சொல்லி நீட்டினார். "ரெண்டு பக்கமும் வேல செய்யுதான்னு பாரு. போன லாட்ல ஒரு பக்கம் ஊமை." கையில் போன் இருந்தது. போனில் கடைசியாகக் கேட்ட பாட்டு இருந்தது. அதையே போட்டாள்.

இடது காதில் சாக்ஸஃபோன். வலது காதில் டிரம்ஸ், பாஸ், பியானோ.

அவள் நிறுத்தவில்லை. முழுப் பாட்டையும் நின்றபடி கேட்டாள். அந்தக் காலத்துப் பதிவு. வாத்தியங்களை இரு பக்கமாகப் பிரித்துவைத்திருந்தார்கள். மூன்று வருடமாக இடது காதில் சாக்ஸஃபோனுக்குப் பின்னால் எங்கோ மழை பெய்வதுபோல் ஒரு மங்கலான சத்தம் கேட்டதுண்டு. பழைய பதிவின் இரைச்சல் என்று விட்டிருந்தாள். அது டிரம்ஸ்.

மெட்டின் முதல் ஸ்வரத்துக்கு முன்னால் டிரம்ஸ் ஓர் அடி அடித்தது. சாக்ஸஃபோன் அந்த அடியில் தொடங்கவில்லை. அதை விழவிட்டு, அரை அடி பொறுத்து, அதன் பிறகு உள்ளே வந்தது. அவள் கேட்டதெல்லாம் அந்தப் பொறுத்தலுக்குப் பிறகு வந்தது மட்டும். முதல் ஸ்வரமே முதல் அடி என்று எடுத்துக்கொண்டு, மெட்டு முழுவதையும் அரை அடி முன்னால் நகர்த்தி வாசித்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டும் கேக்குதா?" என்றார் சந்திரன்.

"கேக்குது."

மற்றப் பத்தையும் போட்டுப் பார்த்தாள். இரண்டு, பக்கம் பிரிக்காமல் எல்லா வாத்தியமும் கலந்த பழைய பதிவுகள். அவை ஓரளவு தப்பித்திருந்தன. மற்ற எட்டும் இதே கதை. நான்கு மணிக்கு ஓர் அப்பாவும் மகளும் வந்து நின்றதை அவள் கவனிக்கவில்லை. சந்திரன்தான் போய் யூக்குலேலே காட்டினார்.

திருத்துவது எளிது என்று தோன்றியது. விரல்கள் போகும் இடம் எதுவும் மாறவில்லை. தொடங்கும் முன் ஒரு சிறு பொறுத்தல், அவ்வளவுதான். ஆனால் விரல்கள் ஒத்துக்கொள்ளவில்லை. வீட்டில் காலால் தரையில் தட்டிக்கொண்டு வாசித்தால், இரண்டாவது வரிக்குள் காலே கையின் பக்கம் சாய்ந்து அதன் பழைய இடத்துக்குப் போய்விடும். காலைப் பிடித்துவைத்தால் கை நின்றது. கீழே இருந்து முத்தம்மா குரல் கொடுத்தாள்: "மகா, மேல என்ன இடிக்கற? சுண்ணாம்பு கொட்டுது."

செருப்பைக் கழற்றிவிட்டுத் தலையணை மேல் தட்டினாள். ஒரு மெட்டு மட்டும் என்று வைத்துக்கொண்டாள். ஏழு வாரம் ஆயிற்று.

அதற்கடுத்த ஞாயிறு அவள் காப்பிக்கடைப் படியேறியபோது ரகுராம் தலையசைத்தான். என்ன ஆயிற்று என்று அவன் கேட்கவில்லை. அதே பெயரைச் சொன்னாள்.

சஹானா நான்கு எண்ணினாள். முதல் அடி விழுந்தது. மகா விட்டுக்கொடுத்தாள். அந்த அரை அடிக்குள் அறையில் அவளுடையது அல்லாத ஓசை மட்டுமே இருந்தது. பிறகு உள்ளே போனாள். எட்டாவது வரியைத் தாண்டியது. மெட்டு முடிந்ததும் ரகுராமும் சஹானாவும் தங்கள் பங்கை வாசிக்க, அவள் தந்திகள் மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டு நின்றாள். ரகுராம் நிமிர்ந்து பார்த்தபோது மறுபடி மெட்டுக்கு வந்தாள். மூவரும் ஒரே இடத்தில் முடித்தார்கள்.

"வேற எது தெரியும்?" என்றாள் சஹானா.

"பதினொன்னு தெரியும். சரியா தெரிஞ்சது இது ஒன்னுதான்."

"அப்போ இதையே இன்னொரு வாட்டி. ஸ்வல்பம் ஃபாஸ்ட்டா?"

இன்னொரு முறை வாசித்தார்கள். பிறகு வேறொருவர் கிட்டாரோடு வர, அவள் கடைசி நாற்காலிக்குப் போனாள். கலையும்போது எல்லோரும் கீழே காப்பிக்கு உட்கார்ந்தார்கள். ரகுராம் வாருங்கள் என்றான். வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டாள். வேலை ஒன்றும் இல்லை. அவர்களோடு என்ன பேசுவது என்று இன்னும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து விளக்குப் போட்டாள். இரண்டாவது மெட்டை, இன்னும் திருத்தாததை, பழையபடி வாசிக்க நினைத்தாள். மூன்று வருடம் அவளுக்கு மட்டும் தெரிந்த இடத்தில் நின்றிருந்த மெட்டு அது. உலகத்தில் வேறு யாரும் அதை அந்த இடத்தில் வைத்து வாசித்ததில்லை. இரண்டு வரி வந்தது. மூன்றாவது வரியில் கால் தானாக ஓர் அடியைத் தேடியது. கை நின்றது. மறுபடி தொடங்கினாள். பழைய இடத்துக்குப் போக வழி இல்லை. புதிய இடம் இன்னும் வரவில்லை.

மீதி ஒன்பதையும் வரிசையாகத் தொட்டுப் பார்த்தாள். கலந்த பதிவுகளிலிருந்து வந்த இரண்டைத் தவிர ஒவ்வொன்றும் அப்படித்தான் நின்றது. மீண்டும் இரண்டாவது மெட்டுக்கு வந்து, கடையிலிருந்து வாங்கி வந்த ஹெட்ஃபோனை இரண்டு காதிலும் மாட்டி, போனில் பாதி வேகத்தில் வைத்தாள். சாக்ஸஃபோன் வருவதற்கு முன் இருக்கும் பகுதியை மட்டும் திரும்பத் திரும்ப ஓடவிட்டாள்.