யாருடைய வீடும் அல்லாத வீடு: திருகோணமலைத் துறைமுகத்தருகே இரண்டு இரவுகள்

திருகோணமலையில் ஹோட்டல் வேண்டாம், கட்டில், கதிரை, சமைக்கக் குசினியோடு ஒரு வீடு வாடகைக்குக் கிடைக்குமா என்று என்னிடம் கேட்பவர்கள் அதிகம். கிடைக்கும். போன வைகாசியில் நானே அப்படி ஒரு வீட்டில் இரண்டு இரவு இருந்துவிட்டு வந்தேன். ஆனால் நான் போனது கடல் பார்க்க அல்ல, தங்கச்சிக்குக் கலியாணம் பேச. ஆகவே இந்தப் பதிவில் தண்ணீர் டாங்கும் வரும், சம்பந்தமும் வரும். இரண்டையும் பிரித்து எழுதிப் பார்த்தேன், முடியவில்லை.

என் தங்கச்சி கௌசியும் மட்டக்களப்பு நிரோஷனும் ஒன்றாகப் படித்து, ஒருவரை ஒருவர் விரும்பியவர்கள். இரண்டு வீட்டிலும் மறுப்பில்லை. சாதகமும் பொருந்திவிட்டது. பிறகு என்னதான் தடை என்கிறீர்களா? யார் முதலில் யார் வீட்டுக்குப் போவது என்பதுதான். வவுனியாவில் எங்கள் வீட்டு வழக்கப்படி மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வரவேண்டும். அவர்கள் வீட்டு வழக்கப்படி பெண் வீட்டார் மாப்பிள்ளை கேட்டுப் போகவேண்டும். இரண்டு அப்பாமாரும் பிடித்த பிடியை விடாமல், தொலைபேசியில் மட்டும் மிக மரியாதையாக நலம் விசாரித்தபடி இரண்டு வருடத்தை ஓட்டிவிட்டார்கள். கௌசி முதலில் அழுதாள், பிறகு சண்டை பிடித்தாள், பிறகு அதைப் பற்றிக் கதைப்பதையே விட்டுவிட்டாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "இன்னொருக்கால் முயற்சி செய்து பாருங்கோ அக்கா. இதுவும் சரிவராட்டி நான் நிரோஷனிட்ட வேண்டாம் எண்டு சொல்லிப்போடுவன்," என்றாள்.

அப்போதுதான் எனக்கு இந்த யோசனை வந்தது. உன் வீடும் வேண்டாம், என் வீடும் வேண்டாம், நடுவில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுப்போம். வவுனியாவிலிருந்து திருகோணமலைக்கு ஹொரவப்பொத்தானை வழியாகச் சுமார் தொண்ணூற்றைந்து கிலோமீற்றர். மட்டக்களப்பிலிருந்து வெருகல், மூதூர், கிண்ணியா வழியாக நூற்று முப்பதுக்குச் சற்று மேல். பாதைகள் இரண்டும் நல்ல பாதைகள். இரவுக்குப் பதினைந்தாயிரம் ரூபாய் வாடகை, அதை நானும் நிரோஷனும் சரிபாதியாகக் கட்டினோம். அப்பாமார் இருவரும் இதை எதிர்க்கக் காரணம் தேடினார்கள், கிடைக்கவில்லை.

நானும் கௌசியும் முதல் நாளே பஸ்ஸில் போய் இறங்கினோம். வீடு உள் துறைமுக வீதிப் பக்கம், கீழே வீட்டுக்காரி குடியிருக்க, மேல்மாடி வாடகைக்கு. வாசல் கேற்றடியில் இரண்டு மான்கள் நின்று வாழைப்பழத்தோல் தின்றுகொண்டிருந்தன. நகரத்துக்குள் மான் திரிவது அங்கே மாடு திரிவது மாதிரித்தான், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வீட்டுக்காரி பெயர் ஹசீனா. கிண்ணியாவில் பிறந்து நகரத்தில் வாழ்க்கைப்பட்டவர். முஸ்லிம்கள் அக்காவை ராத்தா என்பார்கள், அந்தத் தெருவே அவரை ராத்தா என்றுதான் கூப்பிட்டது, நானும் அப்படியே கூப்பிட்டேன்.

"எத்தின பேர் புள்ள?" என்று கேட்டார்.

"படுக்கிறது வான் ட்றைவரோட ஆறு பேர் ராத்தா. நாளைக்குப் பகல் கொஞ்சப் பேர் கதைக்க வருவினம்."

"கதையா, கலியாணமா? கலியாணமெண்டா ஏலாது, பந்தல் போட இடமில்ல."

"கதைதான். கலியாணத்துக்கான கதை."

"அப்ப சரி. அல்லாஹ் நல்லபடியா முடிச்சி வைக்கட்டும்," என்று சாவியைத் தந்தார்.

இனி, இப்படியான வீட்டில் எதை எதிர்பார்க்கலாம் என்று சொல்கிறேன். படத்தில் காட்டிய சோபா இருந்தது, ஆனால் பொலித்தீன் உறை கழற்றாமல் இருந்தது. உட்கார்ந்தால் சத்தம் போடும். மூன்று அறையில் ஒன்று பூட்டியிருந்தது. வெளிநாட்டில் இருக்கும் மகனுடைய சாமான்களாம். இது அந்தப் பக்கம் வழமை, கோபப்படாதீர்கள். சாப்பாட்டு மேசைக்கு நான்கு கதிரை, அலுமாரியில் ஆறு சாப்பாட்டுக் கோப்பை, ஆறு தேநீர்க் கப், அதிலும் ஒன்றுக்கொன்று சோடி இல்லை. காஸ் அடுப்பு நன்றாக எரிந்தது. குளிரூட்டி உண்டு, மின்சாரக் காசு தனி. இவற்றையெல்லாம் மறக்கடிக்க ஒரு பல்கனி இருந்தது. துறைமுகத் தண்ணீர் அவ்வளவு அமைதியாக, பச்சையாக, மலைகளுக்கு நடுவில் கிடந்தது. ஒரு பெரிய கப்பல் அசையாமல் நிற்க, சின்ன வள்ளங்கள் அதைச் சுற்றிப் போய் வந்தன. கௌசி கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டாள். நெடுநாளைக்குப் பிறகு அவள் முகம் தெளிந்திருந்தது. எனக்கு வாடகைக் காசு அப்போதே பெறுமதியாகிவிட்டது.

மறுநாள் காலை பத்து மணிக்கு இரண்டு பக்கமும் வருவதாக ஏற்பாடு. ஒன்பதே முக்காலுக்கு எங்கள் வீட்டார் ஏறிய வான் வண்டி வீதியில் வருவதைப் பல்கனியிலிருந்து பார்த்தேன். வந்த வான் நிற்காமல் போய்விட்டது. பதறிப்போய் அழைத்தால், அப்பா பேசுகிறார்.

"அவை வந்திட்டினமோ, மாப்பிள்ளை வீட்டார்?"

"இன்னும் இல்லை அப்பா. நீங்கள் ஏன் நிக்காமல் போறியள்?"

"நான் முந்தி வந்து உள்ளுக்கை இருந்தால், பிறகு அவையை வாங்கோ எண்டு கூப்பிடுற ஆள் நான் எல்லோ? பெண் வீட்டுக்காரர் கூப்பிட்டு இருத்தினமாதிரிப் போகும். அவை வரட்டும். நாங்கள் கோணேசர் கோயிலடியைப் பாத்துக்கொண்டு வாறம்."

சரி, அவர்களாவது வருவார்கள் என்று நிரோஷனுக்குப் போன் எடுத்தேன். அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அக்கா, கிண்ணியாப் பாலத்தில நிக்கிறம். அப்பா காத்து வாங்கிறார். நீங்க எல்லாரும் வந்திட்டீங்க எண்டு சொன்னாத்தான் வெளிக்கிடுவாராம்," என்றான்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. இரண்டு பேருக்கும் ஒரே பொய்யைச் சொன்னேன். "அவை கேற்றடிக்கு வந்திட்டினம், நீங்கள்தான் பிந்திப்போனியள்." அது வேலை செய்தது. ஆனாலும் அப்பா நம்பாமல் வீட்டை இன்னும் இரண்டு தடவை சுற்றி, அவர்களுடைய வான் திரும்புவதைக் கண்ட பிறகுதான் இறங்கினார். பதினொரு மணியளவில், நானும் கௌசியும் கீழே ஓடிப்போக, பதினொரு பேரும் ஒரே நேரத்தில் ஒரே படிக்கட்டில் நெரிபட்டு ஏறினோம். எங்கள் பக்கம் அப்பா, அம்மா, பெரியம்மா, நாங்கள் இருவர். அவர்கள் பக்கம் நிரோஷன், அவனுடைய அப்பா, அம்மா, தங்கச்சி, மாமா, மாமி.

உட்கார்ந்த பிறகுதான் என் யோசனையில் இருந்த ஓட்டை தெரிந்தது. யாருடைய வீடும் இல்லை என்றால் எல்லோரும் விருந்தாளிகள். தேநீர் கொடுக்க ஆள் இல்லை. பெண் வீட்டார் தேநீர் கொண்டுவந்தால், மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்ததாக ஆகும். அவர்கள் கொண்டுவந்தால், நாங்கள் மாப்பிள்ளை கேட்டுப் போனதாக ஆகும். நான் எழும்பப் பார்த்தேன், அப்பா ஒரு பார்வை பார்த்தார், இருந்துவிட்டேன். எதிரே நிரோஷனின் அம்மாவும் அரைவாசி எழும்பி, கணவரைப் பார்த்து இருந்துவிட்டார். சோபா உறை மட்டும் கிறீச் கிறீச் என்றது.

பாதை எப்படி என்று கேட்டார்கள். நல்லது என்றோம். உங்கள் பாதை எப்படி என்றோம். நல்லது என்றார்கள். தம்பலகாமத்தில் வயல் எப்படி என்று பெரியம்மா கேட்டார். இரண்டு வானில் ஒன்றுமே அந்தப் பக்கத்தால் வரவில்லை. கௌசி தலையைக் குனிந்து நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் எழும்பி, வேண்டாம் என்று சொல்லிவிடப் போகிறாள் என்றே எனக்குப் பட்டது.

அந்த நேரம் நிரோஷனின் மாமா குளியலறையிலிருந்து இரண்டு கையும் சவர்க்கார நுரையாக வெளியே வந்தார். "தண்ணி நிண்டு பெய்த்து," என்றார். பைப்பில் தண்ணீர் இல்லை, வெறும் காற்றுச் சத்தம். ராத்தாவுக்குப் போன் அடித்தேன். அவர் கிண்ணியாவில் தங்கச்சி வீட்டில் நின்றார்.

"மேல ரெண்டு டாங்க் இரிக்கி புள்ள. உங்கட டாங்க் முடிஞ்சிரிக்கும். மத்த டாங்க்ட வால்வைத் திறந்துடுங்க. அது சரியான இறுக்கம், ரெண்டு ஆம்பிளையாவது வேணும்."

இதை நான் திருப்பிச் சொல்லி முடிப்பதற்குள் அப்பா எழும்பிவிட்டார். தோட்டம் செய்கிறவர், தண்ணீர் நின்றுவிட்டால் அவரால் எந்த வீட்டிலும் இருக்க முடியாது. அதே கணம் நிரோஷனின் அப்பாவும் எழும்பினார். அவரும் வளவுக்கு மோட்டார் போட்டுத் தென்னை வளர்ப்பவர். இருவரும் மொட்டைமாடிக்கு ஏறினார்கள். நிரோஷன் பின்னால் போக, "நீ நில்லு" என்று இருவரும் ஒன்றாகத் திருப்பி அனுப்பினார்கள்.

இங்கே நுரைக் கையோடு ஒரு மனிதர் நிற்கிறார். அம்மா குசினிக்குப் போய்த் தண்ணீர்ப் போத்தல் தேடினார். நிரோஷனின் அம்மாவும் பின்னால் போனார். கை கழுவ வார்த்து முடிந்ததும் இருவரும் திரும்பி வரவில்லை. அலுமாரி திறக்கும் சத்தம் கேட்டது. "ஆறு கப்தானே கிடக்கு, என்ன செய்வம்?" என்று அம்மாவின் குரல். "ரெண்டு தரமா ஊத்துவம் அக்கா. நான் இனிப்புக்குத் தொதலும் கொண்டு வந்திரிக்கன்," என்று மற்றக் குரல். "நான் பயித்தம் பணியாரம் சுட்டனான்," என்று அம்மா. கௌசி தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள்.

மேலே சண்டை தொடங்கியிருந்தது. பல்கனி வழியாக ஒவ்வொரு சொல்லும் கேட்டது. இடப் பக்கமா, வலப் பக்கமா என்பதுதான் வழக்கு. குரல்கள் ஏறின. நான் கண்ணை மூடிக்கொண்டேன். இரும்பு கிறுகிறுவென்று அரைபடும் சத்தம், அதற்கு மேலாக நிரோஷனின் அப்பா கத்தினார்.

"அந்தப் பக்கம் திருப்பாதீங்க சம்பந்தி, ஒடஞ்சிரும்!"

"உடையாது சம்பந்தி, நீங்கள் பிடிச்ச பிடியை விடாமல் நில்லுங்கோ!"

இரண்டு வருடமாக யாரும் யாரையும் அழைக்காத சொல்லை, ஒரு வால்வுக்காக இரண்டு பேரும் ஊர் கேட்கக் கத்திக்கொண்டிருந்தார்கள். பெரியம்மா "கேட்டியளோ?" என்று என் தொடையில் அடித்தார். கௌசி சிரித்தாள், பிறகு அழுதாள், பிறகு இரண்டையும் ஒன்றாகச் செய்தாள். நிரோஷன் என்ன செய்வதென்று தெரியாமல் அவளுக்கு நுரைக் கை துடைத்த துவாயைக் கொடுத்தான். எனக்கு அவனை அந்த இடத்திலேயே பிடித்துப்போய்விட்டது.

வால்வு திறந்தது. திறந்த வேகத்தில் இருவரையும் தலை முதல் கால் வரை நனைத்தது. மட்டக்களப்புக்காரர் அன்றைக்கே திரும்புவதாக வந்தவர்கள், மாற்றுடுப்பு கொண்டுவரவில்லை. அப்பாவின் பையில் இருந்த இரண்டாவது சாரத்தைக் கட்டிக்கொண்டு நிரோஷனின் அப்பா கூடத்துக்கு வந்தார். தேநீர் வந்தது. யார் கொடுத்தது என்று கேட்டால் இன்றைக்கும் சொல்ல முடியாது, கைமாறிக் கைமாறி வந்தது. ஆவணியில் கலியாணம் என்று முதல் சுற்றுக் கப் கழுவி முடிவதற்குள் பேசி முடித்துவிட்டோம்.

அன்றைக்கே திரும்ப வேண்டியவர்கள் திரும்பவில்லை. பின்னேரம் அப்பாமார் இருவரும் சந்தைக்குப் போய், ஆளுக்கொரு பாரை மீனோடு வந்தார்கள். ராத்தா வந்து படிக்கட்டில் செருப்புகளைப் பார்த்து, "ஆறு பேரெண்டல்லவா சொன்னீங்க?" என்றார். விசயத்தைச் சொன்னதும் பாய்களையும் பெரிய சட்டியையும் மேலே அனுப்பினார்.

இனிப் போக நினைப்பவர்களுக்கு. சித்திரையிலிருந்து ஆவணி வரை கடல் அமைதி, வீட்டை முன்கூட்டியே பேசிவையுங்கள். மின்சாரம் வாடகைக்குள் அடங்குமா, பூட்டிய அறை உண்டா, டாங்க் எத்தனை, வால்வு எங்கே என்று கேளுங்கள். கூட ஆள் தங்கினால் ஒளிக்காமல் சொல்லுங்கள். கேற்றைச் சாத்தி வையுங்கள், எங்கள் வெற்றிலைத் தட்டில் பாதியை மான் தின்றுவிட்டது. புறப்படும்போது சாவியை நேரில் கொடுத்து, வீட்டை ஒருதரம் காட்டிவிட்டுப் போவது அங்கே வழக்கம்.

சாவி விசயத்தில்தான் எங்களுக்குக் கடைசிச் சிக்கல் வந்தது. மறுநாள் காலை ஒருவரும் முதலில் கிளம்பவில்லை. நீங்கள் வெளிக்கிடுங்கோ, நாங்கள் அனுப்பிவிட்டு வாறம் என்கிறார் அப்பா. இல்ல, நீங்க போங்க, நாங்க கேற்றில நிண்டு அனுப்பிறம் என்கிறார் நிரோஷனின் அப்பா. இரண்டு வானும் இயங்கியபடி நிற்கின்றன. ராத்தா படியேறி வந்து இடுப்பில் கை வைத்தார்.

"சாவியை ஆருட்ட வாங்கிற? இதில ஆர் வீட்டுக்காரர்?"

"நாங்கள்தான்," என்றார்கள் இரண்டு பேரும்.

ராத்தா ஒருவர் மாறி ஒருவரைப் பார்த்தார். "அப்படியா? அப்ப வீட்டுக்காரர் ரெண்டு பேரும் கூட்டித் துப்பரவாக்கிட்டுப் போங்க," என்றார்.

அப்பா சாரத்தை மடித்துக் கட்டினார். கூடத்தைச் சம்பந்தி கூட்டினார், பல்கனியை அப்பா கூட்டினார்.