சோடாப் போத்தலில் இருந்து ஒரு துளி

மகள் குடித்தது ஒரே ஒரு மிடறு. என் தம்பி வயல்வட்டையிலிருந்து வரும்போது மோட்டார் சைக்கிள் பையில் வைத்திருந்த சோடாப் போத்தலை அவள் எடுத்துத் திறந்துவிட்டாள். பெரிய பிளாஸ்டிக் கானில் வாங்கும் களைநாசினியை வயற்காரர்கள் சோடாப் போத்தல்களில் தமக்குள் பிரித்துக்கொள்வது எங்கள் பக்கத்து வழக்கம். போத்தலில் பெயர் இருக்காது; பேச்சில் எல்லாமே 'எண்ணெய்'தான்.

வைத்தியசாலையில் நஞ்சை உறிஞ்சும் கரித்தூள் கொடுத்துவிட்டு வைத்தியர் தம்பியிடம் கேட்டார்: "என்ன எண்ணெய்?"

"புல்லுக்கு அடிக்கிறது, ஐயா."

"அது தெரியும். பேர்?"

"பக்கத்து வயல்காரர் ஊத்தித் தந்தவர். அவருக்கு ஆரோ பனிச்சங்கேணியில ஊத்திக் குடுத்ததாம்."

"நீ கேக்கல்லியா?" என்றேன்.

"புல்லுச் செத்தாச் சரிதானே எண்டு விட்டுட்டன், அக்கா."

நுரையீரலை மெல்ல அழிக்கும் பழைய களைநாசினி ஒன்று உண்டு. தடைசெய்யப்பட்ட பிறகும் சில கொட்டில்களில் கிடக்கிறது. வைத்தியர் சிறுநீரைப் பரிசோதனைக்கு அனுப்பினார். என்னால் சும்மா இருக்க முடியவில்லை. நான் வேலை செய்வது பல்கலைக்கழக இரசாயன ஆய்வுகூடத்தில். கணவரை மகளருகே இருத்திவிட்டுப் போத்தலோடு அங்கே போனேன்.

ஒரு துளியை உலர்த்தி, பொற்றாசியம் புரோமைட்டு உப்போடு அரைத்து, அழுத்தி வில்லையாக்கி, கண்ணுக்குத் தெரியாத செந்நிறக்கீழ்க் கதிர் பாயும் கருவியில் வைத்தேன். ஒவ்வொரு இரசாயனச் சேர்வையும் அந்தக் கதிரில் தனக்குரிய பகுதிகளை மட்டும் உறிஞ்சும். திரையில் வரும் கோட்டின் பள்ளங்களைக் கொண்டு அது எதுவென்று கண்டுபிடிக்கலாம்.

1640 என்ற எண்ணருகே ஆழமான பள்ளம். அந்தப் பழைய நஞ்சுக்கும் அங்கேதான் விழும். கதிரையில் இருந்துவிட்டேன்.

பிறகுதான் கோட்டின் இடப்பக்கத்தைப் பார்த்தேன். 3400 அருகே அகன்ற பெரும் பள்ளம். அது தண்ணீர். தண்ணீரும் 1640இல் தன்னைக் காட்டும். மாரிகாலம், வாவிப் பக்கத்து யன்னல் திறந்தே கிடந்தது. ஈரத்தை இழுக்கும் உப்பை உலர்த்தாமல் அவசரத்தில் எடுத்திருக்கிறேன். இதே பிழைக்கு மாணவர்களை எத்தனை முறை ஏசியிருப்பேன்.

யன்னலைச் சாத்தினேன். உப்பை உலரடுப்பில் வைத்து, கைபேசியைப் பார்த்தபடி இரண்டு மணித்தியாலம் காத்திருந்தேன். புதிய வில்லையில் 1640 பள்ளம் இல்லை. மற்றப் பள்ளங்கள், நெல்லுக்குள் வழக்கமாக அடிக்கும் ஒரு களைநாசினியின் மாதிரிக் கோட்டோடு பொருந்தின. நம்பத் துணிவு வரவில்லை. வெறும் உப்பில் ஒன்று, மீண்டும் அந்தத் துளியில் ஒன்று என இன்னும் இரண்டு வில்லைகள் செய்த பிறகே தாளை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

"சிறுநீரிலயும் அது இல்ல," என்றார் வைத்தியர். "இது என்னெண்டு தெரிஞ்சதும் நல்லது. ரெண்டு நாள் வச்சுப் பாப்பம்."

மகளின் வாயெல்லாம் கரி. "நான் குடிச்சது புல்லுச் சாகிற மருந்தா, அம்மா?"

"ஓம் மனே."

"மாமாட தாடியில கொஞ்சம் பூசிப் பாருங்க."

அவள் வீட்டுக்கு வந்த மறுநாள் கத்தியோடு தன்னாமுனைக்குப் போனேன். தம்பியின் கொட்டிலில் கிடந்த வெற்றுச் சோடாப் போத்தல் ஒவ்வொன்றின் அடியையும் வெட்டினேன். இன்றும் சோடா திறக்கும் சத்தம் கேட்டால் மகள் எங்கே என்று தேடுகிறேன்.

"இனி எண்ணெய எதுல கொண்டுவாற, அக்கா?"

"பேர் போட்ட கானோட வாங்கு. ஏலாட்டிப் புல்லக் கையால பிடுங்கு," என்று சொல்லிவிட்டு அடுத்த போத்தலை எடுத்தேன்.