தேநீர் நிதியில் சேராதவள்

அன்று அந்த அறையில் இருந்தது ஆறு பேர். விசாரணை அதிகாரி. அவர் சொல்வதைச் சுருக்கெழுத்தில் எழுதிக்கொண்ட ஓர் அம்மா. எங்கள் அலுவலகக் கண்காணிப்பாளர். எங்கள் மூத்த எழுத்தர். தட்டச்சு வேலை பார்க்கும் பொன்னேரிப் பெண். ஆறாவது ஆள் நான், புகார் கொடுத்தவள். ஊழியர் சங்கத்துக்காரர் ஒருவர் கூட வருவதாகச் சொல்லியிருந்தார். வாசல்வரை வந்தார், போன் வந்தது என்று மரத்தடிக்குப் போனார், திரும்பி வரவேயில்லை. அவரை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

இடம் திருவள்ளூரில் மாவட்ட அலுவலகத்தின் மாடி. கும்மிடிப்பூண்டியில் ரயில் ஏறி, பேசின் பிரிட்ஜில் இறங்கி, அரக்கோணம் வண்டி மாறி வந்திருந்தேன். ஆவடி தாண்டியதுமே எழுந்து கதவருகே நின்றுகொண்டேன். கண் அசந்து கடம்பத்தூருக்குப் போய்விட்டால் நேரத்துக்குத் திரும்ப முடியாதே என்று பயம். அங்கே கழிப்பறை எங்கே இருக்குமோ என்று காலையிலிருந்து தண்ணீரும் குடிக்கவில்லை. மாடிப்படி ஏறும்போது செருப்பை வெளியே விடுவதா, போட்டுக்கொண்டே போவதா என்று வேறு கவலை. மற்றவர்கள் போட்டுக்கொண்டு போனார்கள். நான் விட்டுவிட்டுப் போனேன்.

புகார் ஒரு டம்ளரைப் பற்றியது. என் டம்ளரும் மற்றவர்கள் டம்ளர்கள் இருக்கும் தட்டில் இருக்க வேண்டும். நான் கேட்டது அவ்வளவுதான்.

என் வீட்டுக்காரர் கும்மிடிப்பூண்டியில் ஓர் அரசு அலுவலகத்தில் கடைநிலை உதவியாளராக இருந்தார். தொழிற்பேட்டைக் கம்பெனிக்காரர்கள் அனுமதி வாங்கக் காகிதங்களோடு வந்து காத்திருக்கும் அலுவலகம். மஞ்சள் காமாலை முற்றி அவர் போய்ச் சேர்ந்தபின், கருணை அடிப்படையில் அதே வேலையை எனக்குக் கொடுத்தார்கள். நான் எட்டாவதோடு நின்றவள். அந்த வேலைக்கு எட்டாவது போதும் என்றார்கள். எங்கள் வீடு எளாவூர்ப் பக்கம், காலனியில். அந்த அலுவலகத்தில் எங்கள் சாதியில் முதலில் அவர் ஒருவர்தான் இருந்தார், அப்புறம் நான் ஒருத்திதான்.

வேலையில் சேர்ந்த அன்று பதினோரு மணிக்கு டீ வந்தது. மூத்த எழுத்தர் பின்பக்க ஜன்னலுக்குப் போய் ஒரு எவர்சில்வர் டம்ளரை எடுத்து வந்தார். விளிம்பில் ஒரு நசுங்கல் இருந்தது.

"இது உன் ஊட்டுக்காரரு குடிச்ச டம்ளரும்மா. தூக்கிப் போட மனசு வரல. உனக்குன்னு எடுத்து வெச்சேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. டம்ளரைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். "இது ஒண்ணே போதும் சார் எனக்கு" என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். வீட்டுக்கு வந்து நாத்தனாரிடம், பாரு, எப்பேர்ப்பட்ட மனுஷங்க, அவரோட டம்ளரைக்கூடப் பத்திரமா வெச்சிருக்காங்க என்றேன்.

அலுவலகத்தில் தேநீர் நிதி என்று ஒன்று உண்டு. சம்பளத் தேதியன்று ஆளுக்கு அறுபது ரூபாய் எழுத்தரிடம் கட்டுவார்கள். எதிர்க் கடையிலிருந்து பிளாஸ்கில் இரண்டு வேளை டீ வரும். முதல் சம்பளத்தில் நானும் அறுபது ரூபாயை நீட்டினேன்.

"சீ, உன்கிட்ட போயி வாங்குவனா? புருஷன இழந்துட்டு நிக்கிற. பேசாம குடி" என்று கையைத் தள்ளிவிட்டார்.

அதையும் நல்ல மனசு என்றே எடுத்துக்கொண்டேன். மறுமாதமும் நீட்டினேன், அதற்கடுத்த மாதமும் நீட்டினேன். வாங்கவில்லை. பிறகு நீட்டுவதை விட்டுவிட்டேன்.

மூன்று வருஷம் போயிருக்கும். தற்காலிக வேலைக்குப் புதிதாக இன்னொரு பெண் வந்தாள். காலனிப் பெண் இல்லை, ஊர்ப்பக்கத்துப் பெண். முதல் நாளே அலமாரி மேலிருந்த தட்டிலிருந்து ஒரு டம்ளரை எடுத்து டீ ஊற்றிக் கொடுத்தார்கள். குடித்து முடித்ததும் மற்ற டம்ளர்களோடு அதைக் கழுவி, அதே தட்டில் கவிழ்த்து, மேலே துணி போட்டு மூடினார்கள். நான் என் டம்ளரை எடுத்துக்கொண்டு பின்பக்க ஜன்னலுக்குப் போனேன். அங்கே பினாயில் பாட்டில், கழிப்பறை கழுவும் பிரஷ், பழைய துடைப்பம். மூன்று வருஷமாகத் தினமும் பார்த்த இடம்தான். அன்றுதான் அது கண்ணில் பட்டது. என் டம்ளரில் மட்டும் பிளாஸ்கை உயரத் தூக்கி ஊற்றுவதும், ஊற்றும்போது நான் டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு நகர்ந்து நிற்பதும் அன்றுதான் தெரிந்தது. யாரும் அப்படி நிற்கச் சொல்லவில்லை. நானாக எப்போது பழகினேன் என்றும் தெரியவில்லை.

என் வீட்டுக்காரர் எத்தனை வருஷம் அந்த ஜன்னலுக்குப் போயிருப்பார்? ஒரு வார்த்தை சொன்னதில்லை. வேலை முடிந்து வந்ததும் வராததுமாக, "ஒரு டீ போடு" என்பார். "ஆபீஸ்ல குடிச்சிட்டுத்தானே வர, இன்னும் இன்னா டீ?" என்று நான் சண்டைக்குப் போவேன். "ஊட்டு டீ வேற" என்பார். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வெகுநேரம் குடிப்பார்.

மறுநாள் புது டம்ளர் ஒன்று வாங்கிக்கொண்டு போனேன். "சார், இதையும் தட்டுலயே வெச்சுக்கலாமா?" என்று எழுத்தரிடம் கேட்டேன்.

"இன்னாத்துக்கு? உன் ஊட்டுக்காரரு டம்ளரு நல்லாத்தானே கீது?"

"அத ஊட்டுக்கு எடுத்துக்கினு போறேன் சார்."

"சும்மா பேஜாரு பண்ணாதம்மா. இவ்ளோ நாளு நல்லாத்தானே போய்க்கினு இருந்துச்சு."

கண்காணிப்பாளரிடம் போனேன். பார்க்கலாம் என்றார். பார்க்கவில்லை. கடைசியில் மனு வாங்கும் நாளான ஒரு திங்கட்கிழமை திருவள்ளூர் வந்து, மாவட்ட அலுவலகத்துக்கு வெளியே உட்கார்ந்திருந்த மனு எழுதுபவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் பேனாவைக் காதில் செருகிக்கொண்டு சிரித்தார். "யம்மா, பட்டாவுக்கு எழுதிகிறேன், பென்ஷனுக்கு எழுதிகிறேன், ஓடிப்போன புருஷனுக்குக்கூட எழுதிகிறேன். டம்ளருக்கு இதான் மொதல் மனு." ஆனால் முழுக்கக் கேட்டதும் சிரிப்பை நிறுத்தினார். காசு வாங்கிக்கொள்ளவில்லை. காசு வாங்காதவர்களைக் கண்டாலே அப்போது எனக்குப் பயம். இருபது ரூபாயை அவர் முன்னாலிருந்த பெட்டிமேல் வைத்துவிட்டு வந்தேன்.

விசாரணைக்கு வருவோம். அதிகாரி கோபக்காரர் இல்லை. உட்காருங்கம்மா என்றார். நான் நின்றேன். மறுபடி சொன்னார். நாற்காலி நுனியில் உட்கார்ந்தேன். மூத்த எழுத்தரை முதலில் கேட்டார்.

"தனி டம்ளர் இருக்கா, இல்லையா?"

"இருக்கு சார். அவங்க புருஷனோட டம்ளரு. ஞாபகமா வெச்சிருந்து கொடுத்தேன். வாங்கிக் கண்ணுல ஒத்திக்கினு அழுதாங்க. இது ஒண்ணே போதும்னு அவங்களே சொன்னாங்க. ஆபீஸே பாத்துச்சு. கேளுங்க சார்."

அதிகாரி என்னைப் பார்த்தார். "சொன்னீங்களா?"

"சொன்னேன் சார். ஆனா அப்ப..."

"சொன்னீங்க. சரி." சுருக்கெழுத்து அம்மாவின் பென்சில் ஓடியது.

"இன்னொண்ணு சார்" என்றார் எழுத்தர். "தட்டுல கீறது தேநீர் நிதி டம்ளருங்க. நிதியில பணம் கட்றவங்களுக்கு மட்டும்தான். இவங்க இதுவரைக்கும் ஒரு பைசா கட்டினதில்ல. பாவம்னு சும்மா டீ கொடுக்குறோம் சார். அதுக்கு இந்தப் பேரு."

நான் எழுந்துவிட்டேன். "நீட்டினேனே சார்! வேணாம்னு நீங்கதானே தள்ளிவிட்டீங்க!"

"யாரு பாத்தாங்க?" என்று எழுத்தர் என்னைப் பார்க்காமலே கேட்டார்.

பொன்னேரிப் பெண் பார்த்திருந்தாள். நான் பணம் நீட்டிய முதல் இரண்டு மாதமும் பக்கத்து மேசையில்தான் இருந்தாள். என் கருவாட்டுக் குழம்பு அவளுக்கு உயிர். மதியம் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்ததும், பழைய கோப்பு அறைக்கு வந்து என் டிபன் பாக்ஸிலிருந்தே எடுத்துத் தின்பாள். "யக்கா, நீ மட்டும் ஓட்டல் வெச்சா நான் வேலைய உட்டுட்டு அங்கயே குந்திக்குவேன்" என்பாள். அவள் உண்மையைச் சொல்லிவிடுவாள் என்று நம்பித்தான் ராத்திரி கொஞ்சமாவது தூங்கியிருந்தேன்.

அதிகாரி அவளைக் கேட்டார். அவள் துப்பட்டா நுனியை விரலில் சுற்றினாள்.

"எனக்குத் தெரியாது சார். நான் என் வேலையப் பாத்துக்கினு இருப்பேன். எல்லாரும் நல்லாத்தான் பழகுவாங்க."

கடைசியாகக் கண்காணிப்பாளர் பேசினார். குரலில் வருத்தம்கூட இருந்தது. "இவங்க வீட்டுக்காரர் எங்ககிட்டதான் இருந்தார் சார். தங்கமான மனுஷன். அதே டம்ளர், அதே டீ. ஒரு நாள் முகம் சுளிச்சதில்ல. ஒரு புகார் கிடையாது. அவருக்கு இல்லாத குறை இவங்களுக்கு எங்கிருந்து வந்ததுன்னு எனக்குப் புரியல."

என்னவென்று சொல்வேன்? அவர் வீட்டுக்கு வந்து டீ கேட்டார் என்றா? அது சாட்சியாகுமா? இன்னும் ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று அதிகாரி கேட்டார். தலையை ஆட்டினேன். இல்லை என்று எழுதிக்கொண்டார்கள்.

கீழே இறங்கும்போது பொன்னேரிப் பெண் பின்னாலேயே ஓடிவந்தாள். "யக்கா, கோச்சுக்காத யக்கா. எனக்கு இன்னும் பர்மனென்ட் ஆகல. கிளார்க்கு சாரு கையில கீது." நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "சாப்ட்டியா?" என்றுதான் கேட்டேன். அவள் அழுதுவிட்டாள். அதற்குப் பிறகு கோப்பு அறைக்கு அவள் வருவது நின்றுபோனது.

ஆணை மழைக்காலத்தில் வந்தது. கண்காணிப்பாளர் அறையில் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். எனக்கு அந்தத் தமிழ் முழுதாகப் புரியவில்லை என்றாலும் மூன்று முறை படித்தேன். மனுதாரர் தம் கணவரின் நினைவாகத் தாமே விரும்பித் தனிக் குவளையைப் பயன்படுத்தியுள்ளார். தேநீர் நிதியில் அவர் உறுப்பினரும் அல்லர். எனவே பாகுபாடு காட்டப்பட்டதாகக் கூறப்படும் புகார் நிரூபணமாகவில்லை, தள்ளுபடி செய்யப்படுகிறது. மூன்றாம் முறை படிக்கும்போது 'தாமே விரும்பி' என்ற இடத்தைத் தாண்ட முடியவில்லை. என் அழுகையை நானே கொண்டுபோய் அவர்கள் கையில் கொடுத்திருக்கிறேன்.

மறுநாள் மூத்த எழுத்தர் என்னை நல்ல முகத்தோடு கூப்பிட்டார். "பழசெல்லாம் உடும்மா. நீயும் நிதியில சேந்துக்க, தட்டுல டம்ளர வெச்சுக்க. யாரு வேணாம்ன்றது? ஆனா சேந்த நாள்லேர்ந்து குடிச்சிருக்க பாரு, அந்த பாக்கியக் கட்டணும். ரூல்ஸ்னா எல்லாருக்கும் ரூல்ஸ்." கால்குலேட்டரைத் தட்டினார். நாற்பது மாதம், இரண்டாயிரத்து நானூறு ரூபாய். முழுசாகக் கட்டியபின் டம்ளர் தட்டுக்கு வரும்.

யாரிடமும் சொல்லாமல் ஒப்புக்கொண்டேன். விசாரணையில் கிடைக்காதது பணத்தில் கிடைக்கிறதே, கிடைக்கட்டும் என்று நினைத்தேன். எப்படியாவது அந்தத் தட்டில் ஒரு டம்ளர் கவிழ்ந்து இருக்க வேண்டும். என் வீட்டுக்காரருக்காகவும் அது இருக்க வேண்டும். முதல் சம்பளத்தில் ஐந்நூறு கட்டினேன். அடுத்ததில் நானூறு. எழுத்தர் எண்ணி வாங்கிக்கொண்டார். இப்போது அவர் கை தள்ளவில்லை.

மூன்றாம் சம்பளத்தன்று ஐந்நூறு ரூபாய் நோட்டோடு அவர் மேசை முன் நின்றேன். கம்பெனி ஆட்கள் இரண்டு பேரும் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். எழுத்தர் அவர்களைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு என்னிடம் சொன்னார்.

"வட்டி எதுவும் போடல பாரு. உன் ஊட்டுக்காரரு எத்தினி வருஷம் ஓசி டீ குடிச்சாரு! அந்தப் பாக்கியக்கூடத் தள்ளுபடி பண்ணிட்டோம்."

எல்லாரும் சிரித்தார்கள். பொன்னேரிப் பெண் மட்டும் தட்டச்சுப் பொறியைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். பெரியவர்கள் சிரித்தால் கூடச் சிரிப்பது எனக்குப் பழக்கம். என் வாயும் சிரிக்கப் போனது. ஆனால் முகம் ஒத்துழைக்கவில்லை. என் வீட்டுக்காரரும் ஒவ்வொரு மாதமும் இந்த மேசை முன் பணத்தை நீட்டிக்கொண்டு நின்றிருப்பார். அவர் கையையும் இதே மாதிரிதான் தள்ளியிருப்பார்கள்.

நோட்டை மடித்துச் சுருக்குப் பையில் போட்டுக்கொண்டேன்.

"இன்னாம்மா, கட்டலயா?"

"இல்ல சார்."

"அப்ப டம்ளரு?"

"வேணாம் சார்."

வேலை போய்விடுமோ, மாவட்டத்தின் மறுகோடியில் இருக்கும் பள்ளிப்பட்டுக்கு மாற்றிவிடுவார்களோ என்று எத்தனையோ நாள் பயந்தேன். ஒன்றும் ஆகவில்லை. அந்த அலுவலகத்தில் இருந்தவரை அதன் பிறகு டீ குடிக்கவில்லை. பதினோரு மணிக்கு பிளாஸ்க் வரும்போது கோப்பு அறைக்குப் போய்விடுவேன். எழுத்தர் ஓய்வு பெறும்போது நிதிக் கணக்கை அடுத்தவரிடம் ஒப்படைத்தார். அவரும் என்னைக் கூப்பிட்டு ஞாபகப்படுத்தினார். சரி சார் என்றேன். கட்டவில்லை. இன்றுவரை என் பெயரில் நிற்கும் பாக்கி ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்.