உமி மூட்டையும் முனிரத்தினத்தின் உயிரும்

ஒரு மனிதனை அடித்துக் கொன்றுவிட்டேன் என்ற நினைப்போடு மூன்று நாள் உயிரோடு இருந்தவன் நான். சபையாரே, அந்த மூன்று நாளைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஆசீர்வாதம் வாயைத் திறந்தால் சிரிப்புதான் என்று நீங்கள் எல்லோரும் சொல்வீர்கள். இதிலும் உங்களுக்குச் சிரிப்பு வரலாம். வந்தால் அடக்க வேண்டாம். என்னைப் பார்த்துச் சிரிப்பது பாவமில்லை என்று போதகர் ஐயாவே சொல்லியிருக்கிறார்.

ஆந்திரா தனியாகப் பிரிந்து போன மறுவருடம் ஐப்பசி மாதம் நடந்தது இது. பொன்னேரியில் ஓர் அரிசி மில்லில் கோணி வாய் தைப்பது என் வேலை. மில்லுக்குப் பின்னால், ரயில் பாதை மேட்டுக்கு மேற்கே இருந்த பள்ளத்தில் எங்கள் மில் தெரு. எங்களுக்கும் மேற்கே வண்டிக்காரத் தெரு. நடுவில் ஒரு மண்கரை. அவர்களும் எங்களைப் போல் கூலிக்காரர்கள்தான். நான் தைத்த மூட்டையை அவர்கள் வண்டியில் ஏற்றிப்போவார்கள். பகலெல்லாம் ஒரே மில்லில் வியர்வை, மழை வந்தால் மட்டும் ஜென்மப் பகை.

காரணம் அந்தக் கரை. ஆரணியாறு பொங்கினால் வெள்ளம் முதலில் வண்டிக்காரத் தெருவில் ஏறும். கரை அதைத் தடுத்து நிறுத்தும். எங்கள் தெரு காய்ந்திருக்கும், அவர்கள் தெரு மூழ்கும். கரையை நாங்கள் ஒரு முழம் உயர்த்தினால் அவர்கள் வீட்டில் தண்ணீர் ஒரு முழம் கூடும். இது எங்களுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் வருடா வருடம் உயர்த்தினோம். அவர்களும் வருடா வருடம் மண்வெட்டியோடு வெட்ட வருவார்கள். மண்டை உடையும். அதற்கு முந்திய மழையில்தான் என் முன்பல் இரண்டு போயின. சாட்சி சொல்லும்போது என் வாயிலிருந்து காற்று வருவது ஆவியின் நிறைவு என்று யாராவது நினைத்திருந்தால், மன்னிக்கவும்.

அந்த வருடம் கரையை உயர்த்த மண் சுமக்க எங்கள் ஆட்களுக்கு உடம்பு வளையவில்லை. அப்போதுதான் எனக்கு ஞானம் உதித்தது. மில்லுக்குப் பின்னால் உமி மலைபோல் குவிந்து கிடக்கிறது, கேட்பாரில்லை. கிழிந்த கோணியும் கிடைக்கும். உமியை மூட்டை கட்டிக் கரைமேல் அடுக்கினால் என்ன? ஒருவன் ஒரே நேரத்தில் மூன்று மூட்டை தூக்கலாம். எல்லோரும் என்னைக் கொண்டாடினார்கள். போதகர் ஐயா மட்டும், “உமி தண்ணியத் தாங்குமா தம்பி?” என்று கேட்டார். “விசுவாசம் இருந்தா தாங்கும் ஐயா” என்றேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார். மில்லுக்கு ஒற்றைத் தையல் போடுகிற நான், கர்த்தருடைய கரைக்கு என்று இரட்டைத் தையல் போட்டேன்.

மூட்டை அடுக்கினால் போதுமா, ஜெபமும் வேண்டுமே. அந்த மாதம் வெள்ளிக்கிழமை ஜெபக் கூட்டங்களில் நான் எழுந்து செய்த ஜெபம் பலருக்கு நினைவிருக்கும். “ஆண்டவரே, வண்டிக்காரத் தெருவான் எவன் எங்கள் கரையில் கைவைத்தாலும் அந்தக் கை விளங்காமல் போகட்டும்.” நீங்களும் சத்தமாக ஆமென் சொன்னீர்கள். அந்த ஆமெனில் உங்களுக்கும் பங்கு உண்டு.

ஒரு சனிக்கிழமை முழுக்க மழை. ஆற்றின் மேல்புறம் பெரியபாளையத்துக்குப் போய்த் திரும்பிய வண்டிக்காரர்கள் ஆற்றில் செம்மண் கலங்கிய புதுவெள்ளம் வருவதைக் கண்ணால் பார்த்திருந்தார்கள். எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏன் சொல்வார்கள்? மறுநாள் ஞாயிறு. ஆராதனை முடிந்து வெள்ளை வேட்டியோடு நான் வீட்டு வாசலில் கால் வைக்கும்போது, “கரைக்கு வந்துட்டானுங்கடா!” என்று சத்தம். வேட்டியை மடித்துக் கட்டி, மண்வெட்டியின் காம்பை உருவிக்கொண்டு ஓடினேன். என் மனைவி எஸ்தர் பின்னாலிருந்து கத்தினாள்: “சோறாவது துன்னுட்டுப் போய் சாவுய்யா!”

கரைமேல் இருபது பேர் ஒருபக்கம், இருபது பேர் மறுபக்கம். அந்தப்பக்கம் தண்ணீர் மூட்டைகளின் அடியைத் தொட்டுக்கொண்டிருந்தது. வண்டிக்காரத் தெருவின் கூரைகள் மட்டும்தான் தெரிந்தன. முன்னால் கடப்பாரையோடு நின்றவன் முனிரத்தினம். என்னைவிட மூத்தவன், எருமைத் தோள், உச்சியில் குடுமி. மில்லில் என் மூட்டைகளை ஏற்றுகிறவன் அவன்தான். நான் சொல்லுகிற அசட்டு ஜோக்குகளுக்கு ஊரில் முதலில் சிரிப்பவனும் அவன்தான்.

“ஆசீரு, வழி வுடு” என்றான். “என் மாடு ரெண்டும் கய்த்து மட்டும் தண்ணியில நிக்குது. கவுறு அவுக்கக்கூட முடில. ஒரு மொழம் வெட்டிக்கிறேன். தண்ணி வடிஞ்சா போதும்.”

“ஒரு மொழம் வெட்டினா என் ஊடு பூடும்ணா.”

“ஊடு போனா கட்டிக்கலாம்டா. மாடு போனா நானு இன்னாத்தக் கட்றது?”

எங்கள் பக்கத்தில் எவனோ அதற்கு ஒரு பதில் சொன்னான். அதை இங்கே எழுத முடியாது. அவ்வளவுதான். கடப்பாரை எழுந்தது.

சபையாரே, சண்டையை வீரமாக எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் அதில் வீரம் ஒன்றுமில்லை. சேற்றில் வழுக்கி விழுந்தவனை மிதித்தோம். வண்டி முளையால் ஒருவனுக்கு விலா முறிந்தது. முறிந்த சத்தம் மழையிலும் கேட்டது. என் பக்கத்து வீட்டுக்காரன், அந்தத் தெருவான் ஒருவனுடைய காதைக் கடித்துத் துப்பினான். அரைமணி நேரத்துக்கு முன்னால் அதே வாயால் பாமாலை பாடியவன் அவன். யார் ரத்தம் என்று தெரியாமல் என் வேட்டி சிவப்பானது. முனிரத்தினம் என்னைக் கண்டுகொள்ளாமல், முதுகைக் காட்டிக்கொண்டு கரையை வெட்டினான். அவனுக்கு நான் ஒரு பொருட்டாகவே இல்லை. அந்த ஆத்திரம் வேறு. காம்பை இரண்டு கையாலும் ஓங்கி அவன் பிடரியில் அடித்தேன்.

தேங்காய் விழுந்தது போல ஒரு சத்தம். ‘ஹும்’ என்று மட்டும் ஒரு முனகல். குப்புற விழுந்தான்.

அதே நேரத்தில் என் மூட்டைகள் எழுந்தன. ஆமாம், எழுந்தன. தண்ணீர் அடியில் புகுந்ததும், ஒரு மாதமாக நான் தைத்த அத்தனை உமி மூட்டைகளும் வாத்துக் கூட்டம்போலக் கிளம்பி மிதந்தன. உமி தண்ணீரைத் தாங்குமா என்று ஐயா கேட்டாரே, தண்ணீர்தான் உமியைத் தாங்கியது. மேல்வரிசை போனதும் வெள்ளம் கரையின் தலைமேல் ஏறி, மண்ணைக் கரைத்து, எங்கள் எல்லோரையும் வாரிக்கொண்டு எங்கள் தெருவுக்குள் பாய்ந்தது. நாற்பது எதிரிகளும் ஒரே தண்ணீரில்.

எனக்கு நீந்தத் தெரியாது. இரண்டு தடவை மூழ்கினேன். மூன்றாம் தடவை கை எதையோ பற்றியது. என் மூட்டை. மார்பை அதன்மேல் போட்டுக்கொண்டு தலையைத் தூக்கினால், ஐந்தாறு முழத்துக்கு அப்பால் முனிரத்தினத்தின் முதுகு. முகம் தண்ணீருக்குள்.

அப்போது நான் ஒரு ஜெபம் செய்தேன். என் ஆயுசில் அதுதான் சின்னது. “ஆண்டவரே, ஒரு மாசமா நான் கொடுத்த மனுவெல்லாம் வாபஸ். இந்த ஆளைச் சாகவிடாதேயும்.” ஆமென் சொல்ல நேரமில்லை, வாயில் தண்ணீர்.

காலை உதைத்தேன். எந்தப் பக்கம் உதைக்க வேண்டும் என்றுகூடத் தெரியாது. ஆனால் ஒரு சுழல் எங்கள் இரண்டு பேரையும் ஒரு கூரை முனையில் கொண்டுபோய் மோதியது. அவன் குடுமி என் கைக்கு வந்தது. இழுத்தேன். தலை மேலே வந்தது. அவன் தாடையை மூட்டையின் தையல்மேல் வைத்து அழுத்திக்கொண்டேன். மூக்கிலிருந்து ரத்தமும் சேறும் வந்தன. சுற்றிப் பார்த்தால், அந்தத் தெருவானும் இந்தத் தெருவானும் ஆளுக்கொரு உமி மூட்டையைக் கட்டிக்கொண்டு, குழந்தைகளைப்போல் அழுதுகொண்டு மிதந்து போகிறார்கள். இரட்டைத் தையல் ஒன்றுகூடப் பிரியவில்லை.

வெள்ளம் எங்களை ரயில் மேட்டில் கொண்டுபோய் ஒதுக்கியது. அங்கே என்ன பார்த்தோம்? நாங்கள் மேலே மண்டையை உடைத்துக்கொண்டிருந்த நேரத்தில், இரண்டு தெருப் பெண்களும் குழந்தை, கிழவர், ஆடு, அரிசிப் பானை எல்லாவற்றையும் மேட்டில் ஏற்றி வைத்திருந்தார்கள். வண்டிக்காரத் தெருப் பெண்களுக்குக் கரையோரமாக வழி காட்டி அழைத்து வந்தவள் எஸ்தர். புடவைகளை முடிந்து கயிறாக வீசி எங்களை இழுத்தாள்.

“வந்துட்டாங்கம்மா, கரையக் காப்பாத்திக்கினு!” என்றாள். பிறகு முனிரத்தினத்தின் முகத்தைப் பார்த்தாள். “யார்யா அட்ச்சது?”

அவள் என் கையைப் பார்த்தாள். காம்பின் சிராய் உள்ளங்கையில் குத்தி நின்றது. அவள் அதைப் பிடுங்கிப் போட்டாள்.

அவனைக் கதவுப் பலகையில் தூக்கிக்கொண்டு சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கண் திறக்கவில்லை. பிழைப்பது கடவுள் சித்தம் என்றார் டாக்டர். அந்த மூன்று நாளும் நான் அவன் கட்டிலுக்கு எதிரே சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். அவன் மனைவி எனக்கு நாஷ்டா வாங்கி வைத்தாள். அடித்தவன் என்று தெரியாமல் வைத்தாள். இட்லியை அப்படியே நகர்த்தி வைத்தேன். இட்லியை மறுக்கிற ஆசீர்வாதத்தை அதுவரை யாரும் பார்த்ததில்லை. நான் விடாமல் ஒன்றையே கேட்டேன்: “இவன் எழுந்திருக்கட்டும். அப்புறம் என்னை என்ன வேண்டுமானாலும் செய்யும்.”

மூன்றாம் நாள் மத்தியானம் முனிரத்தினம் கண்ணைத் திறந்தான். தண்ணீர் கேட்டான். நான் சுவரில் முட்டிக்கொண்டு அழுதேன். நர்ஸம்மா என்னையும் ஒரு நோயாளி என்று நினைத்துப் படுக்கச் சொன்னார்.

அன்று சாயங்காலமே ஹெட் கான்ஸ்டேபிள் வந்தார். “யார் அட்ச்சது? பேரச் சொல்லு.”

முனிரத்தினம் என்னைப் பார்த்தான். நான் எழுந்து நின்றேன்.

“கட்டைங்க. கரை ஒடைஞ்சப்போ வந்து மோதிச்சி.”

“இன்னா கட்டை?”

“கண்டேனா நானு? சவுக்கா இருக்கும். அப்டி ஒண்ணும் வெயிட்டான கட்டை இல்லீங்க.”

போலீஸ் போனதும் அவன் காலைப் பிடித்தேன். நான்தான் என்றேன். அவனுக்காக ஜெபித்ததையும் சொன்னேன்.

“நீதான்னு தெரியும்டா. என் முதுகுக்குப் பின்னால நின்னவன் நீ ஒர்த்தன்தான். உன்ன ஜெயிலுக்கு அனுப்பிட்டா எனக்கு இன்னா துட்டு குட்ப்பாங்களா? ரெண்டு தெருவும் ஸ்டேசன்ல குந்திக்கினு இருந்தா, அடுத்த மழைக்குள்ள யார்றா மண்ணு வெட்றது?” தலையை என் பக்கம் திருப்பினான். “எனக்காவ வேண்டிக்கினேன்னியே, நைனா. மாட்டுக்கும் சேத்து வேண்டிக்கினு இருக்கலாமே?”

ஒரு மாடு கயிற்றோடு முளையிலேயே செத்துப்போயிருந்தது.

“உன் சாமி என்னக் காப்பாத்திச்சின்றியே” என்றான் மறுபடி. “அந்தக் கரைய மறுபடியும் மூடுவியா நீ?”

ஜெபம் கேட்கப்பட்டது என்று சொல்லிவிட்டு, அவன் வாசலில் மறுபடி வெள்ளத்தை நிறுத்த எனக்கு வாய் வருமா? “மூட மாட்டேண்ணா” என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, எங்கள் தெருவில் அதைச் சொல்வதைவிட முனிரத்தினத்திடம் அடி வாங்குவதே மேல் என்று இருந்தது. “தண்ணிய ஊட்டுக்குள்ள கூப்புடறியா?” என்று என்மேல் செருப்பு பறந்தது. எஸ்தர்தான் எழுந்தாள். “அவங்களுக்கு உசுரு போற தண்ணி, நமக்கு ஒரு சொட்டு ஈரம்கூட ஆவாதா? கூச்சமா இல்ல?” என்றாள். போதகர் ஐயா முதலில் மண்வெட்டியைத் தோளில் போட்டார். அதற்குமேல் யார் பேசுவது?

உடைப்பை மூடாமல், இரண்டு ஓரமும் செங்கல் வைத்துத் தண்ணீர் போகிற வழியாகக் கட்டினோம். அங்கிருந்து எங்கள் தெருவின் நடுவாகவே ஒரு வாய்க்கால் வெட்டி, ரயில் மேட்டின் அடியில் தூர்ந்து கிடந்த சிறு பாலம்வரை கொண்டுபோனோம். ரயில்வே மேஸ்திரியிடம் கேட்டுக்கொண்டு பாலத்தின் முள்ளையும் சேற்றையும் வாரினோம். வீட்டுக்கு ஓர் ஆள், இரண்டு தெருவிலும். காது போனவனும் விலா முறிந்தவனும் ஒரே கூடையை மாற்றிக்கொண்டார்கள். முதல் வாரம் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டு, பிறகு சேர்ந்து என்னைத் திட்டிக்கொண்டு. பெரியபாளையம் பக்கம் மழை என்றால் வண்டிக்காரர்கள் எங்களுக்கும் முன்கூட்டிச் சொல்வது என்று ஆயிற்று. கிழவர்களையும் பிள்ளைத்தாய்ச்சிகளையும் முதலில் மேடேற்றுவது பெண்கள் பொறுப்பு. ஆண்களை நம்பி அதை விடவில்லை.

அடுத்த ஐப்பசியில் மழை அதே வேகத்தில் அடித்தது. சேதி முந்தியே வந்தது. எல்லோரும் மேடேறினோம். மாடுகளும் ஏறின. ஒருவன்மேலும் கீறல் இல்லை. மறுநாள் தண்ணீர் வடிய ஆரம்பித்ததும் நான் என் வீட்டுக்குள் இறங்கினேன். நாங்களே வழிவிட்டு வீட்டுக்குள் வந்த முதல் வெள்ளம். அடுப்பு கரைந்துவிட்டது. பாய் மிதந்தது. நான் நடுவில் நின்றேன். வாசலில் முனிரத்தினம் வந்து நின்றான்.

“இன்னா ஆசீரு, தண்ணி வந்துச்சா?”

“வந்துச்சிண்ணா.”

“எவ்ளோ?”

“முட்டி மட்டும்.”

“எனக்கும் முட்டிதான்” என்றான். சிரித்தான். பழைய சிரிப்பு.

சபையாரே, உங்களுக்கும் ஒரு கஷ்டம் இருக்கும், அதற்காக நீங்களும் முழங்கால் போடுவீர்கள். தயங்காமல் கேளுங்கள். அவர் கேட்கிறார், என்னைப்போன்ற வாயாடி கேட்டால்கூடக் கேட்கிறார். ஆனால் கேட்கும் முன் அந்தப்பக்கம் யார் நிற்கிறார்கள் என்று ஒரு தடவை எட்டிப் பாருங்கள். நான் அன்று என் சொந்த வீட்டில், முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொன்னேன். முனிரத்தினம் அவனுக்குத் தெரிந்த சாமியைக் கும்பிட்டான். பிறகு இரண்டு பேரும் தண்ணீரை மொண்டு வெளியே ஊற்ற ஆரம்பித்தோம்.