செங்கல்பட்டு வரைக்கும் சொல்லாத சேதி

பூவராகவன் சாவுச் சேதி சொல்ல மாட்டார். முசரவாக்கம் காலனியில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். குழி வெட்டக் கூப்பிட்டால் வருவார், பந்தல் போட வருவார், ராத்திரி முழுக்க ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். ஆனால் போனை எடுத்து இன்னார் போய்விட்டார் என்று ஒருவருக்கும் சொன்னதில்லை. ரயில்வேயில் தண்டவாளம் பார்க்கிற வேலை, இருபத்தாறு வருடம். செங்கல்பட்டுக்கும் அரக்கோணத்துக்கும் நடுவில் அவர் நடக்காத தூரம் கிடையாது. லைன் ஓரத்தில் யாராவது அடிபட்டுக் கிடந்தால்கூட, ஸ்டேஷனுக்குத் தகவல் சொல்ல, தன்னோடு வேலை செய்கிறவனைத்தான் அனுப்புவார். அவர் அங்கேயே நிற்பார், நாய் வராமல் பார்த்துக்கொண்டு.

எல்லாம் அப்பாவால் வந்தது. அந்தக் காலத்தில் ஊர்த்தெருவில் யார் செத்தாலும் வெளியூர் உறவுக்குச் சேதி சொல்லப் போகவேண்டியது காலனிக்காரன் தலையில் விழுந்த வேலை. அப்பா கம்பை ஊன்றிக்கொண்டு வாலாஜாபாத் தாண்டியும் நடந்திருக்கிறார். போய்ச் சேர்ந்த ஊரில் தெருவுக்குள் கால் வைக்கக்கூடாது. தெருக்கோடியில் நின்று குரல் கொடுக்கவேண்டும். செத்தவர் பெயர், செத்த நேரம், எடுக்கிற நேரம், மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுத் திரும்பிவிடவேண்டும். பன்னிரண்டு வயதில் பூவராகவன் ஒருமுறை அப்பாவோடு போனார். சேதி கேட்ட ஒரு அம்மாள் கையிலிருந்த சொம்பை அப்பா மேல் வீசினாள். நெற்றி கிழிந்து ரத்தம் வந்தது. அப்பா துண்டால் ஒற்றிக்கொண்டு, எடுக்கிற நேரத்தை மட்டும் இன்னொரு தடவை சொன்னார். அவள் காதில் சரியாக விழுந்திருக்காது என்று நினைத்தாராம்.

பிறகு வீட்டுக்கு வீடு போன் வந்தது, சேதி சொல்லி நடக்கிற வேலையே இல்லாமல் போனது. பூவராகவன் மனசில் மட்டும் அது போகவில்லை.

போன ஆவணியில் பக்கத்து வீட்டுப் பொன்னியம்மாள் இறந்தாள். பூவராகவன் அவளைச் சித்தி என்று கூப்பிடுவார். ரத்த உறவு இல்லை. அவர் அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்த காலத்தில் சோறு போட்ட உறவு. பொன்னியம்மாளுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் லில்லி உள்ளூரிலேயே கட்டிக்கொடுக்கப்பட்டவள். இளையவன் ஜெபகுமாருக்குச் சுற்றுலாக் கப்பலில் துணி வெளுக்கிற பிரிவில் வேலை. அம்மாவைச் செங்கல்பட்டுப் பெரியாஸ்பத்திரியில் சேர்த்த அன்றே லில்லி தம்பிக்குச் சொல்லியிருந்தாள். கப்பல் கொழும்பிலிருந்து செவ்வாய்க்கிழமை காலையில் சென்னைக்கு வருகிறது, சாயந்தரம் விசாகப்பட்டினத்துக்குக் கிளம்பிவிடும், நடுவில் ஒரு பகல் கிடைக்கும், வந்து பார்த்துவிட்டுப் போகிறேன் என்று அவன் சொல்லியிருந்தான். ஞாயிற்றுக்கிழமை டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். திங்கட்கிழமை சாயந்தரம் ஆறே முக்காலுக்கு மூச்சு நின்றது.

"அண்ணா, நீதான் போய் அவனைக் கூட்டிக்கினு வரணும்" என்றாள் லில்லி. அழுது அழுது குரல் கம்மியிருந்தது. "ட்ரெயின் விவரமெல்லாம் உனக்குத்தான் தெரியும்."

"போறன்மா. போயி அவன்கிட்ட இன்னான்னு சொல்றது?"

"ஒண்ணுமே சொல்லாதே. சீரியஸா இருக்குதுன்னுதான் அவனுக்குத் தெரியும். அப்படியே இருக்கட்டும். தெரிஞ்சா வழியிலயே எங்கனா விழுந்து வெப்பான். வீட்டாண்ட வந்து பந்தலைப் பார்த்துத் தெரிஞ்சிக்கட்டும்." கொஞ்சம் நிறுத்தி, "சொல்லாம கூட்டிக்கினு வர்றதுக்கு உன்னை விட்டா யாரு இருக்காங்க? அந்தச் சேதி மட்டும் உன் வாயில வராதே" என்றாள்.

குத்திக்காட்டினாளா, நம்பித்தான் சொன்னாளா, தெரியவில்லை. பூவராகவனுக்கு ஒரு பக்கம் நிம்மதியாகவும் இருந்தது. இத்தனை வருடம் எதைச் செய்யாமல் இருந்தாரோ அதையே செய்யாமல் இருக்கச் சொல்கிறார்கள்.

விடியற்காலை வண்டியைப் பிடித்து ஒன்பது மணிக்குக் கடற்கரை ஸ்டேஷனில் இறங்கினார். அங்கிருந்து துறைமுக கேட்டுக்கு நடக்கிற தூரம்தான். கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால், குடோன் கூரைகளுக்கு மேலே, வெள்ளை வெளேரென்று அடுக்குமாடி வீடு மாதிரி கப்பல் நின்றது. கேட்டில் இருந்த காவலாளி அவரை இரண்டு முறை தள்ளி நிற்கச் சொன்னான். அவர் தள்ளித் தள்ளி நின்றார்.

ஒன்பதே முக்காலுக்கு ஜெபகுமார் வெளியே வந்தான். கழுத்தில் கப்பல் அட்டை, தோளில் சின்னப் பை ஒன்று. அவ்வளவுதான்.

"அண்ணா, நீயா? ரயில்வேக்காரன் வேலைக்கு மட்டம் போட்டுட்டியா? அதான் வண்டியெல்லாம் லேட்டா ஓடுது" என்று சிரித்துக்கொண்டே கையைப் பிடித்தான். அடுத்த நொடி சிரிப்பு போய்விட்டது. "அம்மா எப்படி இருக்காங்க?"

"இருக்காங்கபா" என்றார் பூவராகவன்.

ஜெபகுமார் பெருமூச்சு விட்டான். "ராத்திரியெல்லாம் தூக்கமே இல்லண்ணா. எங்க சூப்பர்வைசர்கூடக் கேட்டாரு, சைன் ஆஃப் எழுதிடட்டுமான்னு. அப்படின்னா பாஸ்போர்ட்டு, பெட்டி எல்லாத்தையும் வாங்கிக்கினு மொத்தமா எறங்கிடறது. ஏஜென்ட் ஆபீஸ் ஆளு பத்தரை வரைக்கும் கப்பல்லதான் இருப்பாராம், வேணும்னா அதுக்குள்ள வந்து சொல்லுன்னாரு. நான்தான் வேணாம்னேன். காண்ட்ராக்ட் இன்னும் நாலு மாசம் இருக்குது, நடுவுல எறங்குனா மறுபடியும் கூப்பிடுவானோ மாட்டானோ. ஒரு பார்வை பாத்துட்டு அஞ்சு மணிக்குள்ள ஓடியாந்துடலாம், இல்ல?"

பூவராகவன் வாயைத் திறந்தார். லாரி ஒன்று நீளமாக ஹாரன் அடித்துக்கொண்டு கேட்டுக்குள் நுழைந்தது. அது போகிறவரை காத்திருந்தார். போனபிறகு, "வா, பத்தேகாலுக்குத் திருமால்பூர் வண்டி இருக்குது. அதை வுட்டா அப்புறம் கஷ்டம்" என்றார்.

வண்டியில் கூட்டம் இல்லை. ஜன்னல் ஓரத்தில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். கோட்டை, பார்க், எழும்பூர் என்று ஒவ்வொரு ஸ்டேஷனாக நின்று நின்று போனது. ஜெபகுமார் பேசிக்கொண்டே வந்தான். பயத்தில் இருக்கிறவன் பேசுகிற பேச்சு.

"எல்லாரும் கேக்குறாங்க, கடல் எப்படி இருக்குதுன்னு. நான் எங்கண்ணா கடலைப் பாத்தேன்? எனக்கு வேலை அடித்தளத்துல. ஜன்னலே கிடையாது. நாளைக்கு நாலாயிரம் துண்டு. துண்டு மடிச்சே கை ரேகை போயிடுச்சு. போன மாசம் மெஷின்ல விரல் வெச்சா என் விரலை அது ஏத்துக்கவே மாட்டேங்குது. நான் நான்தான்னு நிரூபிக்க ஒரு நாள் ஆச்சு."

பூவராகவன் சிரித்தார். சிரித்தது தப்பு என்று உடனே தோன்றியது. மாம்பலம் தாண்டும்போது மணி பார்த்தார். பத்து நாற்பது. ஏஜென்ட் ஆள் இறங்கிப் போயிருப்பார்.

தாம்பரத்தில் ஜெபகுமார் பையைத் திறந்து ஒரு தைலப் பாட்டிலைக் காட்டினான். கொழும்பில் வாங்கினதாம். அம்மாவுக்கு முழங்காலுக்குத் தேய்க்க. வேறு எதுவும் வாங்க நேரமில்லை என்றான். பூவராகவன் பாட்டிலை வாங்கிப் படிப்பதுபோல் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

சிங்கப்பெருமாள்கோயில் தாண்டியதும் ஜெபகுமார் எழுந்தான். பையைத் தோளில் மாட்டிக்கொண்டான்.

"எங்கபா?"

"செங்கல்பட்டு வருதுல்ல? எறங்க வேணாமா? எந்த வார்டுண்ணா?"

அம்மா ஆஸ்பத்திரியில் இருப்பதாகத்தானே அவனுக்குத் தெரியும். இந்த வண்டி அந்த ஊர் வழியாகத்தானே போகிறது. லில்லிக்குத் தோன்றவில்லை, சரி. இந்த லைனிலேயே பாதி ஆயுளைக் கழித்த அவருக்குத் தோன்றியிருக்கவேண்டாமா? வழியிலே எத்தனை ஸ்டேஷன் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்.

"உக்காருபா. டிஸ்சார்ஜ் பண்ணிட்டாங்க. ஞாயித்துக்கிழமையே வீட்டுக்குக் கூட்டியாந்துட்டோம்."

அதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. ஜெபகுமாரின் முகம் அப்படியே மலர்ந்தது. "வீட்டுக்கு வந்துட்டாங்களா? ஏண்ணா, இதை மொதல்லயே சொல்லக்கூடாதா? லில்லி பாரு, ஒரு வார்த்தை சொல்லல. இரு, வீடியோ போட்டு அம்மாவைக் காட்டச் சொல்றேன்."

போனை எடுத்து லில்லியின் பெயரைத் தொட்டுவிட்டான். மணி அடிக்கத் தொடங்கியது. பூவராகவன் கையை நீட்டி அந்தப் போனை மூடினார். அவன் விரல்களோடு சேர்த்து மூடினார்.

"சித்தி செத்துட்டாங்கபா. நேத்து சாயந்தரம் ஆறே முக்காலுக்கு. இன்னிக்கு நாலு மணிக்கு எடுக்கறாங்க."

வெளியே கொளவாய் ஏரி வந்தது. தண்ணீர் நிறைய இருந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள், வேறு பார்க்க எதுவும் இல்லாததால். செங்கல்பட்டில் பெட்டி பாதி காலியானது. ஒரு பெண்மணி, "இது காஞ்சிபுரம் போவுமா?" என்று கேட்டாள். பூவராகவன் போகும் என்று தலையாட்டினார்.

ஜெபகுமார் அழவில்லை. உட்கார்ந்து மணி பார்த்தான். மறுபடி பார்த்தான்.

"கேட்டாண்டயே சொல்லியிருக்கலாமேண்ணா."

பூவராகவன் ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"எதிர்லதானே கப்பல் நின்னுது. உள்ள போயி கையெழுத்துப் போட்டுட்டு வந்திருப்பேன். நான் அங்க நின்னு சொல்லிக்கினு இருந்தேனே. நீ கேட்டுக்கினுதானே இருந்த?"

"கேட்டுக்கினுதான் இருந்தேன்."

ஏஜென்ட் ஆபீசுக்குப் போன் போட்டான். எடுக்கவில்லை. சூப்பர்வைசர் எடுத்தார். வருத்தம் தெரிவித்தார். பாஸ்போர்ட் கப்பல் ஆபீசில் இருக்கிறது, சைன் ஆஃப் காகிதம் இல்லாமல் வராமல் போனால் ஓடிப்போனதாக எழுதிவிடுவார்கள், அப்புறம் எந்தக் கப்பலிலும் ஏற்றமாட்டார்கள், ஐந்து மணிக்குள் வந்துவிடு என்றார். இத்தனையும் ஸ்பீக்கரில் கேட்டது.

பூவராகவன் லில்லிக்குப் பேசினார். எடுக்கிற நேரத்தை ஒரு மணிக்கோ இரண்டு மணிக்கோ மாற்ற முடியுமா என்று கேட்டார். "வந்தவாசில இருந்து மாமா வந்துக்கினு இருக்காரு, பாஸ்டர் மூணரைக்குத்தான் வருவாரு" என்றாள் அவள். பிறகுதான் புரிந்தது அவளுக்கு. "சொல்லிட்டியா?" என்றாள். "சொல்லிட்டேன்." போனை வைத்துவிட்டாள்.

பாலூரில் வண்டி நின்றது. ஒற்றை லைன். எதிர் வண்டி வந்தால்தான் இது நகரும். எந்தக் காரணத்துக்காகவும் அதை மாற்ற முடியாது என்று பூவராகவனைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்தப் பெட்டியில் யாருமில்லை. இருபது நிமிடம். ஜெபகுமார் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அந்த இருபது நிமிடமும் அவன் முதுகு மட்டும் தெரிந்தது.

காஞ்சிபுரத்தில் இறங்கி ஆட்டோ பிடித்துக் காலனிக்கு வரும்போது மணி ஒன்றே முக்கால். பந்தலில் இருந்தவர்கள் எழுந்து வழி விட்டார்கள். ஜெபகுமார் ஐஸ் பெட்டியின் கண்ணாடி மேல் கையை வைத்தான். பனி படிந்து முகம் சரியாகத் தெரியவில்லை. துண்டால் துடைத்தான். மடித்து மடித்துத் துடைத்தான், வேலை செய்கிறவன் துடைக்கிற மாதிரி. மறுபடி பனி படிந்தது. மறுபடி துடைத்தான். அப்போதுதான் அழுகை வந்தது. லில்லி அவனைக் கட்டிக்கொண்டாள்.

இரண்டேகாலுக்கு, அவனைத் துறைமுகத்தில் கொண்டுபோய் விட வாடகைக் கார் வந்து நின்றது. இரண்டு பெரியவர்கள், வேலை போனால் போகிறது, இருடா என்றார்கள். அவன் லில்லியைப் பார்த்தான். "போடா" என்றாள் லில்லி. "அம்மா இருந்தா போன்னுதான் சொல்லும்."

பூவராகவன் முன் கதவைத் திறந்தார், கூடப் போவதற்கு.

"நீ வேணாம்ணா" என்றான் ஜெபகுமார். கோபமாகச் சொல்லவில்லை. "நீ இரு. மண்ணு தள்ள ஆள் வேணும்ல."

கார் போய்விட்டது.

நாலு மணிக்கு எடுத்தார்கள். பாஸ்டர் ஜெபித்தார், பாடினார்கள், இறக்கினார்கள். மகன் போடவேண்டிய முதல் பிடி மண்ணை லில்லியின் புருஷன் போட்டான். பூவராகவன் கடைசிவரை நின்று மண் தள்ளினார், மேட்டைத் தட்டிச் சமப்படுத்தினார்.

ஆறு மணிக்கு, பந்தல் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, அவருடைய போன் அடித்தது. ஜெபகுமார். லில்லிக்குப் போடாமல் அவருக்குப் போட்டிருந்தான்.

"கப்பல் கிளம்புதுண்ணா. இன்னும் கொஞ்ச நேரம்தான் சிக்னல் இருக்கும். முடிஞ்சிதா?"

"முடிஞ்சிதுபா."

"எங்க வெச்சீங்க?"

"உங்கப்பா பக்கத்துல. வேப்பமரத்துக்குக் கிழக்கால."

"மழை வந்தா தண்ணி நிக்காதே?"

"நிக்கும். இந்தப் பக்கம் கொஞ்சம் பள்ளம்தான். மண்ணு கூட்டிப் போடணும். நான் போடறேன்."

அந்தப் பக்கம் இயந்திரச் சத்தம் கேட்டது. யாரோ இந்தியில் எதையோ கத்தினார்கள். லில்லி வந்து, போனில் வருகிற குரல் கேட்கிற தூரத்தில் நின்றாள்.

"அண்ணா, நீ சொல்லு. கடைசியா அம்மா என்னைக் கேட்டாங்களா?" என்றான் ஜெபகுமார்.

பூவராகவன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். லில்லி அவர் முகத்தையே பார்த்தாள். ஆமாம் என்று சொல்லச் சொல்லி வேகமாகத் தலையாட்டினாள்.

"மூணு நாளா நெனவே இல்லபா" என்றார் பூவராகவன். "யாரையும் கேக்கல."



"சரிண்ணா" என்றான் ஜெபகுமார். அதற்குமேல் லைன் இருந்ததா, அவனே வைத்தானா, தெரியவில்லை.

"கேட்டாங்கன்னு ஒரு வார்த்தை சொன்னா உனக்கு இன்னா கொறைஞ்சிடும்?" என்றாள் லில்லி. "காலையில சொல்லாதேன்னா சொல்ற. இப்ப சொல்லுன்னா சொல்ல மாட்டேங்கற. உன்னைப் போய் அனுப்பிச்சேன் பாரு."

அவள் உள்ளே போய்விட்டாள். பூவராகவன் மிச்ச நாற்காலிகளை அடுக்கினார். பந்தல்காரன் வண்டி வருகிற வரைக்கும் தெருவிலேயே நின்றிருந்தார்.