காது கேட்கிற மாப்பிள்ளை

பல் பார்க்கிறவரிடம் போனால் ஜனங்கள் வாயைத் திறந்துவிட்டுப் பேசாமல் இருப்பார்கள். காது பார்க்கிற எங்களிடம்தான் காதைக் கொடுத்துவிட்டு வாயை மூட மாட்டார்கள்.

ஒரகடம் வட்டாரக் கம்பெனிகளுக்கு வேனில் போய்த் தொழிலாளர்களின் காதைச் சோதிப்பது என் வேலை. படித்து வந்தவன் இல்லை. வேன் ஓட்ட வந்தேன், மெஷினைப் பழகினேன், காது கேட்காதவர்களின் கைப்பேச்சை அவர்களிடமே கற்றுக்கொண்டேன். கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பொதுஜனத்தோடு மல்லுக்கட்டும் வாசகர்களே, உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியும். என் கஷ்டத்தையும் கொஞ்சம் கேளுங்கள்.

நூற்றுக்கு நூறு

வல்லம் வடகாலில் கார் உதிரிபாகங்கள் செய்யும் ஒரு கம்பெனி. அங்கே சரிபார்க்கும் லைனில் மோனிஷா என்றொரு பெண். பிறவியிலேயே காது கேட்காது. வருஷாந்திரச் சோதனை என்றால் எல்லோருக்கும் உண்டு என்று அவளையும் வேனுக்குள் அனுப்பிவிட்டார்கள். கண்ணாடி வைத்த சின்ன அறையில் உட்கார வைத்து ஹெட்போன் மாட்டினேன். சத்தம் கேட்கும்போதெல்லாம் கையிலிருக்கும் சுவிட்சை அமுக்க வேண்டும். அமுக்கினாள். எல்லாவற்றுக்கும் அமுக்கினாள். எனக்கே கேட்காத மெல்லிய சத்தத்துக்கும் அமுக்கினாள்.

மெஷின் கெட்டுப்போனதாக நினைத்து வயரையெல்லாம் பிடுங்கி மாட்டினேன். அப்புறம்தான் தெரிந்தது, ஒவ்வொரு சத்தத்தை அனுப்பும்போதும் என் வலது தோள் லேசாக ஏறி இறங்குகிறது. கண்ணாடி வழியாக அவள் அதைப் பார்த்துத்தான் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்த சூப்பர்வைசர் ரிசல்ட்டைக் கண்டு பூரித்துப்போனார்: "இன்னா சார், நம்ம லைன்ல வேலை செஞ்சா போன காதே வந்துடும் போலகீதே!"

சத்தத்துக்கு நடுவே

அதே லைனில் எதிர்ப்பக்கம் இசக்கிமுத்து. சங்கரன்கோவில் பக்கத்துப் பையன். சுங்குவார்சத்திரத்தில் அறை எடுத்துத் தங்கியிருந்தான். அவனுக்கும் பிறவியிலிருந்தே கேட்காது. மெஷின் ஓடும்போது மற்றவர்கள் தொண்டை கிழியக் கத்திவிட்டு, புரியாமல் தலையில் அடித்துக்கொள்வார்கள். இவர்கள் இருவரும் கன்வேயருக்குக் குறுக்கே கையாலேயே சாம்பாரில் ஆரம்பித்து கல்யாணம் வரைக்கும் பேசி முடித்துவிட்டார்கள். விஷயம் வெளியே வந்த அன்று அதே சூப்பர்வைசர் சொன்னார்: "ஷாப்புக்குள்ள நாங்கதான் சார் செவுடு. ஒழுங்கா பேசிக்கினு இருந்தது அதுங்க ரெண்டும்தான்."

எந்த வீட்டு ரத்தம்

மோனிஷாவின் அம்மா குமாரி மகளை இழுத்துக்கொண்டு, வேனை அனுப்பும் எங்கள் காது கிளினிக்குக்கு வந்தார். "கேக்காதது ரெண்டும் கட்டிக்கினா பொறக்கறதுக்கு எப்படி சார் கேக்கும்? என் தம்பி பிரபு கீறான். அவனுக்கு நல்லா கேக்கும். அவனுக்கே குடுத்துடலாம்னு பாக்கறேன். நீங்க கையாலயே இவளுக்கு எடுத்துச் சொல்லுங்க." சொன்னேன். மாமாவைவிட மாமாவின் பைக்குக்குக் கழுத்தை நீட்டலாம் என்று மோனிஷா கையாலேயே பதில் சொன்னாள். அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

பிறவிக் குறை என்றால் பரம்பரையை விசாரிப்பது வழக்கம். "எங்க வூட்ல யாருக்கும் கெடையாது சார். எல்லாம் அவ அப்பன் வூட்டு ரத்தம். எம் மாமியாரோட தங்கச்சி ஒண்ணுக்குக் காது கேக்காது" என்றார் குமாரி. மாமியார் சொந்தமா என்று கேட்டேன். "ஆமா, அத்தை. எங்க அப்பா கூடப் பொறந்தவங்க." அப்படியானால் அந்தத் தங்கச்சி? குமாரி விரலை மடக்கி மடக்கிப் பார்த்தார். சொந்தத்தில் கட்டுவதை நான் குறை சொல்ல வரவில்லை. என் மனைவியும் மாமன் மகள்தான். பிள்ளைகள் இருவருக்கும் நன்றாகக் கேட்கும். அவள் போய்ச் சேர்ந்த பிறகு நான் போன் அடித்தால் மட்டும் அவர்களுக்குக் கேட்பதில்லை. குமாரி மடக்கிய விரலை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்: "அப்ப இத்தினி வருசமா நான் திட்டிக்கினு இருந்ததெல்லாம் எங்க அப்பன் வூட்டையா சார்?"

பிரஸ் ஷாப் விளக்கம்

மாதம் ஒரு தடவை சென்னையிலிருந்து மரபணு டாக்டரம்மா ஒருவர் எங்கள் கிளினிக்குக்கு வருவார். மோனிஷா, இசக்கிமுத்து, பிரபு மூன்று பேருக்கும் ரத்தம் எடுத்தார். முதலில் வந்தவை மோனிஷாவின் ரிசல்ட்டும் பிரபுவின் ரிசல்ட்டும்தான். மோனிஷாவிடம் இருக்கும் பழுது பிரபுவிடமும் பாதி இருக்கிறது என்றார் டாக்டர். பிரபுவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "பக்கத்துத் தெருவுல பைக் ஸ்டார்ட் பண்ணா எந்த வண்டின்னு சொல்லுவேன் மேடம். எனக்கின்னா பழுது?" ஒவ்வொரு மரபணுவும் நமக்கு இரண்டு பிரதியாக வருகிறது, அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. இந்த வகையில் இரண்டுமே பழுதானால்தான் காது போகும், ஒன்று நல்லதாக இருந்தால் கேட்கும் என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார்.

பிரபு இரும்புத் தகட்டை அழுத்தி வெட்டும் பிரஸ் மெஷின் ஓட்டுகிறவன். சட்டென்று நிமிர்ந்தான். "இரு மேடம், இரு. எங்க பிரஸ்ல ரெண்டு பட்டன் இருக்கும். ரெண்டு கையாலயும் ஒண்ணா அமுக்கினாத்தான் பிரஸ் எறங்கும். ஒண்ண மட்டும் அமுக்கினா அப்படியே நிக்கும். அந்த மாதிரியா?" அதேதான் என்றார் டாக்டர். மோனிஷாவிடமிருந்து பிள்ளைக்கு எப்போதும் ஒரு பட்டன் அமுக்கியபடியே வரும்; பிரபுவிடமிருந்தும் அது வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு, ஒவ்வொரு பிள்ளைக்கும். பிரபுவின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. தூக்கி வளர்த்த பெண்ணைக் கட்டிக்கொள்ள அவனுக்கும் மனசில்லை என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. "கேட்டுக்கினியா அக்கா? கேக்குற மாப்பிள்ளைன்னு என்னைப் புடிச்ச. நானே ஒரு பட்டன அமுக்கிக்கினுதான் நிக்கிறேன்!"

ஆடி மாதம்

அடுத்த மாதம் இசக்கிமுத்துவின் ரிசல்ட். அவனுக்கும் அதே பழுது என்றால் பிறக்கும் பிள்ளைகள் அத்தனைக்கும் கேட்காது. அப்படி வந்தால் கல்யாணப் பேச்சையே விட்டுவிட வேண்டும் என்று குமாரி சாமி படத்தின்மேல் மகளிடம் சத்தியம் வாங்கியிருந்தார். மோனிஷா எப்போதும் சும்மா இராத தன் கைகளை மடியில் கோத்து வைத்திருந்தாள். இசக்கிமுத்து டாக்டரின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

டாக்டர் பிரபுவின் பாஷையிலேயே சொன்னார்: "இவர் பழுது வேற மெஷின்ல. பொண்ணோட பழுது வேற மெஷின்ல. பிள்ளைக்கு ஒவ்வொரு மெஷின்லயும் ஒரு பட்டன்தான் அமுங்கும். எந்தப் பிரஸ்ஸும் இறங்காது. வேற எந்தக் காரணத்தாலயும் காது போகாதுன்னு என்னால எழுதித்தர முடியாது. இந்த ரெண்டால போகாது." குமாரி நம்பவில்லை. இன்னொரு தடவை ரத்தம் எடுக்கச் சொன்னார். எடுத்தோம். அடுத்த மாதமும் அதே ரிசல்ட் வந்தது. குமாரி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, முதல்முறையாக இசக்கிமுத்துவை நேராகப் பார்த்தார். "மாப்பிள்ளை கறி துன்னுவாரான்னு கேளுங்க சார்" என்றார்.

கேட்டேன். அவன் தலையாட்டிய வேகத்தில் கண்ணில் இருந்த தண்ணீர் தெறித்தது. பிறகு நான் இருவரையும் பார்த்து, உங்கள் குழந்தைக்குக் காது கேட்கும் என்று கையால் நிதானமாகச் சொன்னேன். துள்ளிக் குதிப்பார்கள் என்று நினைத்தேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கைகள் வேகவேகமாக ஏதோ விவாதித்தன. கடைசியில் மோனிஷா கவலையோடு என் பக்கம் திரும்பினாள். அவள் கை சொன்னது இது: "பாவம் சார், ஆடி மாசம் பூரா ஸ்பீக்கர் அலறுமாமே, அது எப்படித் தூங்கும்?"

ஆக, இந்தத் தொழிலில் காது கேட்காதவர்களால் எனக்கு ஒரு தொந்தரவும் வந்ததில்லை. வந்ததெல்லாம் அவர்களுக்குச் சம்பந்தம் பேச வந்தவர்களால்தான்.