கலப்பில்லாத வம்சம்

ரிட்ஜ்லேண்ட் வட்டாரத்தில் டெல்மர் ரென்ட்ஸ் போகாத வீடு கிடையாது. முப்பது வருஷம் எரிவாயு லாரி ஓட்டியவர். மனிதர்களின் பெயர் அவருக்கு நிற்காது. ஆனால் யார் வீட்டுக் கொட்டகைக்குப் பின்னால் துருப்பிடித்த தகரம் கிடக்கிறது என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வார். தகரத்துக்கு அடியில்தான் சோளப்பாம்பு படுத்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போகிற வழியில்கூட, நல்ல காலணியோடு புல்லுக்குள் இறங்கித் தகரத்தைப் புரட்டுவார். மனைவி இமோஜீன் காரிலேயே உட்கார்ந்து விசிறிக்கொண்டிருப்பாள். முதல் பாட்டு முடிந்த பிறகுதான் இருவரும் உள்ளே நுழைவார்கள். போதகரே ஒரு கட்டத்தில் எதிர்பார்ப்பதை விட்டுவிட்டார்.

சோளப்பாம்பு விஷமில்லாத சாது. ஆரஞ்சு உடம்பு, முதுகில் ரத்தச் சிவப்புத் திட்டுகள், ஒவ்வொரு திட்டைச் சுற்றியும் மை தீட்டியதுபோல் தடித்த கறுப்பு விளிம்பு. தெற்குக் கரோலினாவின் இந்தப் பைன் காடுகளில் பிறந்த பாம்புக்கு அந்த விளிம்புதான் அடையாளம். அந்த விளிம்புக்காகவே பல மாநிலங்களிலிருந்து ஆட்கள் டெல்மரைத் தேடி வருவார்கள். அவரிடம் வாங்கினால் காட்டில் பிடித்த பாட்டன் பாட்டி வரை கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். வெளிப்பாம்பு ஒன்றுகூடக் கலக்காத வம்சம் என்று அவர் சொன்னால், அந்தச் சொல்லுக்கு மேல் யாரும் சாட்சி கேட்டதில்லை.

இதற்கு நேர் எதிர்க்கட்சி லாமர் ஸ்மோக். டெல்மரோடு பள்ளியில் படித்தவர். அவர் வளர்ப்பதும் சோளப்பாம்புதான், ஆனால் எல்லாம் கலர் பாம்புகள். கறுப்பே இல்லாமல் சிவப்புக் கண்ணோடு பிறந்தவை, பால் வெள்ளை, ரோஜா நிறம், சாம்பல், கோடு மட்டும் போட்டவை. காட்டுக்கே தெரியாத நிறங்களை ஒன்றோடு ஒன்று இணைத்து வரவழைப்பது அவர் வேலை. லாமரின் கொட்டகையை டெல்மர் 'மிட்டாய்க் கடை' என்பார். டெல்மரின் பாம்புகளை லாமர் 'காட்டுச் சரக்கு' என்பார். பாம்புக் கண்காட்சியில் இருவரும் எதிரெதிர் மேசை போட்டுக்கொண்டு, வேகவைத்த கடலையைக் கொறித்தபடி நாள் முழுக்க ஒருவரை ஒருவர் வாருவார்கள். குழந்தைகள் எல்லாம் லாமரின் மேசையில்தான் மொய்க்கும். டெல்மர் அதைப் பார்க்காததுபோல் பார்ப்பார்.

பிறகு துறைமுகத்துக்கான சரக்குக் கிடங்குகள் வந்தன. பைன் காட்டை ஒரு பக்கத்திலிருந்து மழித்துக்கொண்டே வந்தார்கள். மண் அள்ளும் இயந்திரங்கள் இறங்குவதற்கு முந்தைய வாரம் டெல்மர் அங்கே கடைசியாகத் தகரம் புரட்டி ஒரு ஜோடியைக் கொண்டுவந்தார். அந்த ஜோடி போட்ட முட்டைகளில் பொரிந்த மூன்று பெண் குட்டிகளை வைத்துக்கொண்டார். மூன்றிலும் அழகி ஒருத்தி. தன் அத்தை ஒருத்தியின் பெயரை அதற்கு வைத்தவள் இமோஜீன்: யூலா. இப்போது அந்தக் காடு இருந்த இடத்தில் லாரிகள் நிற்கின்றன. காட்டின் பாம்பு இனி டெல்மரின் அலமாரியில்தான் இருந்தது. அதைக் கலப்பில்லாமல் அடுத்த ஆளின் கையில் கொடுத்துவிட்டுப் போவதற்காகத்தான் கடவுள் தன்னை வைத்திருக்கிறார் என்று அவர் நம்பினார். கேட்பவர்களிடம் சொல்லவும் செய்தார்.

யூலாவுக்கு இரண்டு வயது ஆகும் முன்பே டெல்மரின் நெஞ்சைத் திறந்து அறுவை சிகிச்சை செய்ய வேண்டியதாயிற்று. சார்ல்ஸ்டன் ஆஸ்பத்திரியில் வாரக்கணக்கில் கிடந்தார். பாம்புகளை இமோஜீன் பார்த்துக்கொண்டாள். உறைந்த எலியை வெந்நீரில் இளக்கி இடுக்கியால் நீட்டுவது அவளுக்குப் பிடித்த வேலை இல்லை. ஆனாலும் செய்தாள். டெல்மர் தினமும் தொலைபேசியில் பேசுவார். எடுத்ததும் கேட்பது யூலா சாப்பிட்டாளா என்றுதான். வீட்டுக்கு வந்த அன்று காலணியைக்கூடக் கழற்றவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நேராகப் பாம்பு அறைக்குப் போனார். யூலாவின் பெட்டியைத் திறந்து வெகுநேரம் பார்த்தார். குட்டிப் பருவத்து மங்கல் போய் நிறம் நன்றாக ஏறியிருந்தது. சட்டை உரித்து இரண்டு நாள்தான் ஆகிறது என்று வாசலில் நின்றிருந்த இமோஜீன் சொன்னாள். அவருக்குப் பரம திருப்தி. அவள் முகத்தை அவர் அன்று சரியாகப் பார்க்கவே இல்லை.

அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில் இமோஜீன் சமையலறையில் மயங்கி விழுந்தாள். வயிற்றில் கட்டி. மருத்துவர்கள் கையை விரித்தார்கள். அடுத்த கோடையில் யூலாவின் முதல் முட்டைகள் பொரிவதற்குள் அவள் போய்விட்டாள்.

அதன் பிறகு டெல்மருக்குப் பாம்புகளைத் தவிர நாதி இல்லை. யூலாவின் முதல் முட்டைகளில் பொரிந்த ஆண் குட்டி ஒன்றை விற்காமல் வைத்துக்கொண்டார். அது வளர்ந்ததும் தாயோடே சேர்த்தார். மனிதர்களிடம் சொல்லக் கூசுகிற காரியம்தான், ஆனால் நல்ல விளிம்பை வம்சத்தில் நிலைக்க வைக்க இந்தத் தொழிலில் எல்லாரும் செய்வது. ஈர மண்ணில் பதித்த முட்டைகளை அவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்திருந்தார்.

ஆகஸ்ட் மாதம் முட்டை ஓடுகளில் கீறல் விழுந்தது. முதலில் எட்டிப் பார்த்த தலைகள் சரியாகவே இருந்தன. பிறகு ஒரு தலை வந்தது. வெளிறிய ரோஜா நிறம். கண் இரண்டும் சிவப்பு. உடம்பு முழுதாக வெளியே வந்தபோது எங்கேயும் ஒரு பொட்டுக் கறுப்பு இல்லை. டெல்மர் விளக்கைக் கிட்டே கொண்டுவந்து பார்த்தார். சாயங்காலத்துக்குள் இன்னொன்றும் அதே மாதிரி வந்தது.

இதில் புதிர் ஒன்றும் இல்லை, அவருக்கு உடனே விளங்கிவிட்டது. கறுப்பில்லாத குணம் ஒளிந்துகொள்ளும். தாயிடமும் தகப்பனிடமும் இரண்டு பக்கமும் ஒளிந்திருந்தால்தான் குட்டியில் வெளியே வரும். மகனுக்கு அது தாயிடமிருந்து வந்திருக்க வேண்டும். அப்படியென்றால் பார்க்க அசல் காட்டுப் பாம்பாக இருந்த யூலாவுக்குள் அது இத்தனை வருஷமும் இருந்திருக்கிறது. காட்டிலேயே எப்போதாவது அப்படி ஒன்று பிறப்பதுண்டு, அதைச் சொல்லித் தப்பிக்கலாம். யாராலும் மறுக்க முடியாது. ஆனால் யூலாவின் இரண்டு சகோதரிகளிடமும் இதே முறையில்தான் குட்டி எடுத்திருந்தார். அவற்றில் ஒன்றுகூட இப்படி இல்லை; காட்டு ஜோடியிடமிருந்து வந்திருந்தால் அங்கேயும் தெரிந்திருக்கும்.

டெல்மருக்குக் கோபம் வந்தால் அது முதலில் ஓடுவது லாமர் வீட்டுக்கு. பாம்பு ஒரு வேளை சாப்பிடாவிட்டாலும் லாமர்தான் காரணம் என்கிற மனிதர். சிவப்புக்கண் குட்டியை ஒரு டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு போனார். லாமர் கொட்டகையில் தண்ணீர்க் கிண்ணங்களைக் கழுவிக்கொண்டிருந்தார். டெல்மர் டப்பாவை அவர் முன்னால் வைத்தார். கேலி வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். லாமர் மூடியைத் திறந்து பார்த்தார். சிரிக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"யூலா குட்டியா?" என்றார் லாமர்.

"உனக்கு எப்பிடித் தெரியும்? நான் இன்னும் வாயே தொறக்கலையே."

"மகனோட சேத்தியா? ஏன்டா சேத்த? வேற ஆம்பளையா இல்ல உன்கிட்ட?"

"என் பாம்பு, நான் யாரோடயும் சேப்பேன். நீ என்ன பண்ணினன்னு சொல்லு."

லாமர் டப்பாவின் மூடியைத் திரும்பப் போட்டார். பிறகு சொல்ல ஆரம்பித்தார். டெல்மர் ஆஸ்பத்திரியில் இருந்த அந்த வசந்த காலத்தில் நடந்த கண்காட்சிக்கு இமோஜீன் தனியாகக் காரோட்டி வந்தாளாம். கையில் ரொட்டி வாங்கின பை. அதற்குள் செய்தித்தாளில் சுற்றி, செத்துப்போன யூலா. முந்தின ராத்திரி பெட்டியைக் கதகதப்பாக வைக்கிற வெப்பப் பலகையின் கட்டுப்பாட்டுக் கருவி கெட்டு, பெட்டி அடுப்பாகிவிட்டிருக்கிறது. விடிந்து பார்த்தால் உயிர் இல்லை. அவள் அதைக் கொண்டுவந்து மேசை மேசையாக நின்று, சுற்றின தாளைக் கொஞ்சம் விலக்கி, அதே மாதிரி விளிம்பு வைத்த பெண் பாம்பு இருக்கிறதா என்று தேடியிருக்கிறாள். கடைசியில் லாமரின் மேசை. கலர் பாம்புகள் போடும் முட்டைகளில் பாதிக் குட்டிகள் வெளித்தோற்றத்துக்குச் சாதாரணமாகப் பிறந்துவிடும், அதை யாரும் சீந்த மாட்டார்கள். அப்படி ஒன்று அவரிடம் கேட்பாரற்றுக் கிடந்தது. தற்செயலாக அதற்கு நல்ல தடித்த விளிம்பு.

"நான் சொன்னேன்டா அவகிட்ட," என்றார் லாமர். "இமோஜீன், இது உள்ள செவப்புக்கண்ணு ஒளிஞ்சிருக்குன்னேன். அவ கேட்டது ஒண்ணுதான். வெளிய தெரியாதில்ல? அது போதும்னா."

பாம்பு செத்தது டெல்மருக்குப் புரிந்தது. மாற்றி வைத்ததும் புரிந்தது. அவளால் எப்படி அவ்வளவு தூரம் தனியாக ஓட்ட முடிந்தது என்பதுதான் புரியவில்லை. நெடுஞ்சாலையில் வண்டி ஓட்டவே பயப்படுகிறவள்.

"நல்லா இருந்தாளா அன்னிக்கு?" என்று கேட்டார்.

"இல்ல. மேசை விளிம்பப் புடிச்சுக்கிட்டே நின்னா. மொகமெல்லாம் வேர்த்து ஊத்துது. நாற்காலி போட்டேன். வயித்துல என்னமோ இருக்குன்னு டாக்டர் சொல்லிட்டார் லாமர், அவருகிட்ட ரெண்டையும் சொல்லிடாதன்னா. அவரு தேறி வரட்டும், நானே சொல்றேன்னா."

"நான் தேறித்தானே வந்தேன்?" டெல்மரின் குரல் உயரவில்லை. "ரெண்டு மாசத்துல எழுந்து நடந்தேனே. அப்ப ஏன் சொல்லல?"

தான் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும் என்று மட்டும் லாமர் மெதுவாகச் சொன்னார். டெல்மர் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. டப்பாவை எடுத்துக்கொண்டு வெளியே வந்து தன் வண்டியில் உட்கார்ந்தார். சாவியைப் போட்டார், ஆனால் திருப்பவில்லை.

அவள் ஏன் சொல்லவில்லை என்பதற்குப் பதில் அவருக்கே தெரியும். அந்தக் கோடை முழுக்கக் காலையில் எழுந்ததும் பாம்பு அறைக்குப் போனார். சாப்பாட்டு மேசையில் யூலாவைப் பற்றிப் பேசினார். அவள் வாயைத் திறந்தால், அடுத்த வருஷம் யூலாவை எதோடு சேர்க்கலாம் என்று இவர் ஆரம்பித்துவிடுவார். தட்டில் சோற்றை அளைந்துகொண்டு உட்கார்ந்திருப்பாள். எலும்பாக இளைத்துவிட்டாயே என்று ஒரு தரம் கேட்டார். வெயில் என்றாள். அத்தோடு விட்டுவிட்டார். ஒரு பாம்பு செத்ததைச் சொல்ல அவ்வளவு பயந்தவள், தான் சாகப்போவதை எப்படிச் சொல்வாள்? நாற்பது வருஷம் கூட இருந்தவளை அந்த நிலைமையில் வைத்திருந்தோமே என்று நினைத்து வண்டிக்குள்ளேயே வாய்விட்டு அழுதார். லாமர் கொட்டகை வாசல் வரை வந்து பார்த்துவிட்டு, கிட்டே வராமல் உள்ளே போய்விட்டார்.

அடுத்த நாள் காலை யூலா என்று பெயர் சுமந்துகொண்டிருந்த பாம்புக்கு எப்போதும்போல் தண்ணீர் மாற்றினார். அது என்ன பாவம் செய்தது? பிறகு தொலைபேசியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். யூலாவின் குட்டிகளை வாங்கினவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். வம்சத்தில் கலப்பு இருக்கிறது, பணத்தைத் திருப்பித் தருகிறேன், பாம்பை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அசல் என்று சொல்லி யாருக்கும் விற்காதீர்கள் என்றார். சிலர் வருத்தப்பட்டார்கள். ஒரு கிழவர், விட்டுத்தள்ளு, காட்டிலே பிறந்ததுதான் என்று சொல்லிவிட்டுப் போ, யார் வந்து பார்க்கப்போகிறார்கள் என்றார். டெல்மர் நன்றி சொல்லி வைத்துவிட்டார்.

ஜார்ஜியாவில் இருந்த ராண்டல் என்ற இளைஞன் மட்டும் அவ்வளவு எளிதில் விடவில்லை. தன் பாம்புக் கூட்டம் முழுவதையும் யூலாவின் பிள்ளைகளை வைத்தே கட்டியிருந்தவன். நாலு வருஷ உழைப்பு போயிற்று என்று கத்தினான். உங்கள் வார்த்தையை நம்பித்தானே வாங்கினேன் என்றான். டெல்மர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"இது யாரு பண்ணின வேல, மிஸ்டர் ரென்ட்ஸ்? அதையாவது சொல்லுங்க. கலர் பாம்புக்காரன் எவனாவது உங்கள ஏமாத்திட்டானா?"

"யாரும் ஏமாத்தல, தம்பி. நான்தான்," என்றார் டெல்மர். "வீட்டுல இருந்தவ எதையும் என்கிட்ட சொல்ல முடியாத மாதிரி நான்தான் வச்சிருந்தேன்."